சலூன்: கூடத்தின் பெயர் கடைக்கு வந்த வழி

பெங்களூரு அல்சூர் சந்தையை ஒட்டிய சந்து ஒன்றில், மூன்று நாற்காலிகளும் காத்திருப்போருக்கு ஒரு நீண்ட மரப்பெஞ்சும் மட்டுமே உள்ள கடையில் பன்னிரண்டு ஆண்டுகளாக முடி வெட்டிக்கொள்ளப் போய்வருகிறேன். அதன் பெயர்ப்பலகையில் மேலே பெரிய கன்னட எழுத்தில் கடையின் பெயரும், கீழே சிறிய ஆங்கில எழுத்தில் ‘சலூன்’ என்ற சொல்லும் இருக்கின்றன. அந்த ஆங்கிலச் சொல்லில் இரண்டு ‘ஓ’ எழுத்துகள் உண்டு. சாலை முனையில் சில ஆண்டுகளுக்கு முன் குளிர்சாதன வசதியுடன் வந்த புதிய கடையின் பலகையில் ஒரே ‘ஓ’தான், அங்குள்ளவர்கள் அதைச் ‘சலான்’ என்று சொல்கிறார்கள். முதல் கடையில் முடி வெட்ட 120 ரூபாய், இரண்டாவதில் அதைப் போல் நான்கு மடங்கு. பலகைகள் வேறு, விலை வேறு என்றாலும் சொல் ஒன்றே.

இத்தாலிய மொழியில் ‘சாலா’ என்றால் கூடம். அதோடு பெருமையைக் குறிக்கும் ஈறு சேர்ந்து ‘சலோனே’, அதாவது பெருங்கூடம் என்றாயிற்று. அது பிரெஞ்சுக்குப் போய் ‘சலோன்’ ஆனது. அரண்மனைகளிலும் பெரிய வீடுகளிலும் விருந்தினரை வரவேற்கும் அறைக்கும், அங்கே கூடிப் பேசும் அறிஞர் குழாத்துக்கும், பாரிசில் நடந்த ஓவியக் காட்சிக்கும் அதுவே பெயர். சாலாவின் வேர் பழைய செருமானியச் சொல் என்பதால், இன்றும் செருமன் மொழியில் கூடத்தை ‘சால்’ என்கிறார்கள். பிரெஞ்சுச் சொல்லை 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தம் வாய்க்கு ஏற்ப நீட்டி ‘சலூன்’ ஆக்கினர். பிறகு ஆங்கிலத்தில் கூடம் என்று சொல்லத்தக்க எல்லாவற்றின் மீதும் அந்தச் சொல் ஏறிக்கொண்டது. கப்பலின் பெரிய அறை, ரயிலில் உயர் அதிகாரிக்கான தனிப்பெட்டி, பில்லியர்ட்ஸ் ஆடும் இடம், அமெரிக்காவில் மதுக்கடை, பிரிட்டனில் ஒரு வகைக் கார் என்று அது போகாத இடமில்லை. முடி திருத்தும் கூடத்துக்கும் அப்படியே ஓர் அடைமொழியோடு வழங்கினார்கள். நம்மிடம் வந்தபோது அடைமொழி உதிர்ந்து கூடம் மட்டும் மிஞ்சியது. ஆகவே, சொல்லளவில் பார்த்தால், சலூனுக்குப் போகிறேன் என்பவர் ‘பெரிய கூடத்துக்குப் போகிறேன்’ என்கிறார். அங்கே நடக்கும் வேலையைப் பற்றியோ வேலை செய்பவரைப் பற்றியோ அந்தச் சொல்லில் ஒரு குறிப்பும் இல்லை.

இந்த வெறுமைதான் அச்சொல் நம்மிடையே இவ்வளவு உறுதியாக நிலைத்ததற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். தமிழில் இந்தத் தொழிலுக்குச் சொல் இல்லாமல் கடன் வாங்கவில்லை. இருந்த சொற்கள் எல்லாம் ஆளைச் சுட்டின, ஆளைச் சுட்டியதோடு நில்லாமல் சாதியையும் சுட்டின.

அவற்றில் ‘நாவிதர்’ என்பதை முதலில் பார்க்கலாம். இது வடமொழி ‘நாபித’ என்பதிலிருந்து வந்தது. இந்தியில் ‘நாயி’ என்பதும் அதே வழியில் வந்ததுதான். பாலி மொழியில் அதன் வடிவம் ‘நஹாபித’. குளித்தல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து பிறந்ததால், அதன் முதற்பொருள் நீராட்டுபவர் என்பதாகும். புத்தரின் குலத்தாரான சாக்கியர்களுக்கு முடி மழித்துவந்த உபாலி புத்தரிடம் துறவு பூண்டபோது, சாக்கிய இளைஞர்கள் தங்கள் செருக்கு அடங்கும்படி அவருக்கே முதலில் துறவு தரச் சொல்லி, தமக்கு மூத்தவராக அவரை வணங்கினார்கள் என்று பௌத்த நூல்கள் கூறும். முதல் பௌத்த சங்கத்தில் துறவிகளுக்கான விநய ஒழுக்கங்களை எடுத்துரைத்தவரும் அவரே. நீராட்டுபவர் என்ற பெயர் நம் வீட்டு வழக்கத்தில் தலைகீழாகிப் போனது. முடி வெட்டிவிட்டு வந்தவன் தலைக்குக் குளிக்காமல் உள்ளே நுழையக்கூடாது என்று பாட்டி வாசலிலேயே நிறுத்தி வைப்பாள். தொட்டவர் யார் என்பதும் அந்தக் குளியலுக்குக் காரணம் என்பதை நான் வளர்ந்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

‘மருத்துவர்’ என்ற பெயர் இன்னும் ஆழமானது. தமிழ்நாட்டில் இந்தச் சமூகத்தார் தம்மை அப்படியே அழைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைப்பேறு பார்த்த அவர்கள் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகள். கட்டி கீறுதல், புண்ணுக்கு மருந்திடுதல் ஆகியவை கத்தி பிடிக்கத் தெரிந்த கையின் வேலையாக இருந்தன. வசையாகத் திரிந்துபோன ‘அம்பட்டர்’ என்பதற்குக்கூட மூலம் ‘அம்பஷ்ட’ என்னும் வடசொல்தான். பழைய வடமொழி நூல்கள் அம்பஷ்டருக்கு மருத்துவத்தையே தொழிலாகச் சொல்கின்றன. வட இந்தியாவிலும் பெங்களூரிலும் வழங்கும் ‘ஹஜாம்’ அரபுச் சொல். குருதி உறிஞ்சி நோய் தீர்ப்பவர் என்பது அதன் பொருள். லண்டனில் முடி திருத்துவோரும் அறுவை மருத்துவரும் 1540 முதல் ஒரே சங்கமாக இருந்து, 1745-இல்தான் பிரிந்தார்கள். நான்கு திசைகளிலும் கத்தியும் மருந்தும் ஒரே பையில் இருந்திருக்கின்றன. அங்கே பிரிந்தவர்களில் ஒரு சாராருக்கு மதிப்பு கூடியது. இங்கே மருத்துவம் வேறு கைகளுக்குப் போக, பழைய பெயர் மட்டும் இவர்களிடம் தங்கி, அதுவும் ஏளனத்துக்கு ஆளானது.

அந்தப் பைக்கும் ஒரு சொல் உண்டு. கத்தி, கத்தரிக்கோல், சீப்பு, கல் எல்லாம் வைக்கும் பைக்குத் தமிழில் ‘அடைப்பம்’ என்று பெயர். வெற்றிலைப் பைக்கும் அதே சொல் வழங்கியது. கன்னடத்தில் அது ‘ஹடப’. 12-ஆம் நூற்றாண்டில் வீரசைவப் பெரியார் பசவண்ணருக்கு அணுக்கராக இருந்த சரணர், அதாவது அடியார், ஹடபத அப்பண்ணா பெயரில் இருப்பதும் அந்தப் பைதான். வட கர்நாடகத்தில் முடி திருத்தும் சமூகத்தார் ஹடபதர் என்றே பெயர் கொண்டு அவரைத் தம் முன்னோராகப் போற்றுகிறார்கள். கர்நாடகத்தின் பிற பகுதிகளில் ‘சவிதா சமாஜம்’ என்ற பெயரை இச்சமூகத்தார் தேர்ந்துகொண்டார்கள். ஒரு சமூகம் தன் பெயரைத் தானே தேர்ந்துகொண்டால் அதை அப்படியே சொல்வதுதான் முறை.

‘குடிமகன்’ என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இன்று அது நாட்டின் உரிமை பெற்ற மனிதரைக் குறிக்கிறது. கிராமங்களிலோ, குடிகளுக்கு ஊழியம் செய்து, அறுவடையின்போது நெல்லைக் கூலியாகப் பெற்ற முடி திருத்துபவரின் பெயர் அது. திருமணத்திலும் சாவிலும் குடிமகன் இல்லாமல் சடங்கு நடக்காது. ஆனால் அவர் திண்ணையில் ஏற முடியாது.

சலூன் என்ற சொல் நுழைந்த இடம் இதுதான். வீட்டுக்கு வீடு பையைத் தூக்கிக்கொண்டு போனவர் நகரத்தில் ஒரு கடை போட்டார். வேண்டியவர் அவரைத் தேடி வந்தார். வந்தவர் வரிசையில் காத்திருந்தார். நெல்லுக்குப் பதில் காசு வந்தது. ஆளின் பெயரைச் சொல்லாமல் இடத்தின் பெயரைச் சொல்லும் வாய்ப்பும் அதனோடு வந்தது. தமிழர் நிறைந்த பெங்களூர் கண்டோன்மென்ட் பகுதி போன்ற இடங்களில் இந்த மாற்றம் எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

அதைக் கண்ணெதிரே ஒரு முறை கண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, பக்கத்து நாற்காலியில் இருந்தவர் கைபேசியில், “ஹஜாம் கடையில இருக்கேன், பத்து நிமிஷத்துல வந்துடறேன்” என்றார். அவர் கழுத்தருகே சவரக் கத்தி இருந்தது. கடைக்காரர் கையை எடுத்து, பிளேடில் ஒட்டியிருந்த நுரையை விரலில் வழித்துத் துடைத்துவிட்டு, பேச்சு முடியும்வரை பொறுத்திருந்தார். பிறகு, “சலூன்னு சொல்லுங்க சார், அது போதும்” என்றார். குரலில் கோபம் இல்லை. பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் ஒன்றும் பேசவில்லை. அவர் மறுபடியும் குனிந்து, அதே மென்மையோடு, தாடையின் அடிப்பக்கத்தை மழித்து முடித்தார். அந்த ‘போதும்’ என்ற சொல்லைக் கேட்ட நாளிலிருந்துதான் சலூன் என்பதை வெறும் ஆங்கிலக் கலப்பு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே இதற்கு ஈடாகத் தமிழில் ஒரு சொல்லைத் தேடும்போது அது நல்ல தமிழாக இருப்பது மட்டும் போதாது. சலூன் செய்துவரும் இந்த உதவியையும் அது செய்ய வேண்டும்.

வினைச்சொற்களைப் பார்ப்போம். ‘சிரைத்தல்’ தூய தமிழ். சுரண்டுதல், கீறுதல் என்ற பொருளில் கன்னடத்தில் உள்ள ‘கெரெ’ என்பதற்கு இனமானது. கன்னடக் ‘கிவி’ தமிழில் ‘செவி’ ஆவதைப் போல, அங்கே ககரமாக இருப்பது இங்கே சகரமாகிறது. ஆனால் இன்று சிரைக்கப் போ என்று வசையாகத்தான் அதைக் கேட்கிறோம். பலகையில் எழுத முடியாது. ‘சவரம்’ வடமொழி ‘க்ஷௌர’ என்பதன் திரிபு. கன்னடக் கடைப்பலகைகளில் அதையே ‘க்ஷௌரத அங்கடி’ என்று காண்கிறோம். ‘மழித்தல்’ பழமையும் கண்ணியமும் உள்ள சொல். “மழித்தலும் நீட்டலும் வேண்டா” என்ற 280-ஆம் குறளில் இருப்பது. அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைத் தாண்டித்தான் நான் கடைக்குப் போகிறேன். ஆனால் மழித்தல் முழுவதும் எடுத்துவிடுவதைக் குறிக்கும். முடியைக் குறைத்து ஒழுங்கு செய்வதை அது சொல்லாது.

பெயர்ச்சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. வள்ளுவர் மானத்தைப் பற்றிய அதிகாரத்தில் தயக்கமின்றி ஆண்ட ‘மயிர்’ இன்று நாலு பேர் நடுவில் சொல்லக்கூடாததாகிவிட்டது. ‘சிகை’ வடசொல், உச்சிக் குடுமியைக் குறித்தது. அலங்காரத்தோடு சேர்ந்து சிகை அலங்கார நிலையமாகப் பலகைகளில் நீளமாக நிற்கிறது. நூற்றிருபது ரூபாய்க் கடைக்கு வருபவர் அலங்காரத்துக்கு வருவதில்லை. காது மேல் விழும் முடியைக் குறைத்து, பிடரியை ஒழுங்காக்கி, திங்கட்கிழமை வேலைக்குப் போகத் தக்கவராகத் தம்மைத் திருத்திக்கொள்ளவே வருகிறார். ‘முடி’ முன்பு கட்டப்பட்ட கூந்தலையும் மணிமுடியையும் குறித்தது. இப்போது மயிர் விட்டுச் சென்ற இடத்தில் வந்து அமர்ந்திருக்கிறது. ‘திருத்துதல்’ இதற்கு மிகப் பொருந்தும். கரடான நிலத்தை விளைநிலமாக்குவதற்கும், எழுதியதைச் செம்மை செய்வதற்கும், மாணவனை நல்வழிப்படுத்துவதற்கும் நாம் ஆளும் சொல் அது. அதில் இழிவின் நிழல் விழவே இல்லை.

எனவே கடைக்கு ‘முடிதிருத்தகம்’ என்பதே தக்க தமிழ். நூலகம், உணவகம், மருந்தகம் போல இதுவும் இடத்தைச் சுட்டுகிறது, செய்யும் வேலையைச் சொல்கிறது, செய்பவரின் பிறப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சலூன் பாதி செய்ததை இது முழுதாகச் செய்கிறது. ஆளைக் குறிக்க ‘முடிதிருத்துநர்’ போதும். தமிழ்நாட்டு அரசும் ‘முடிதிருத்துவோர் நல வாரியம்’ என்றே பெயரிட்டிருக்கிறது. பேச்சில் முடிதிருத்தகம் நீளம் என்று தோன்றினால் ‘முடி வெட்டுற கடை’ என்று சொல்வதில் எந்தக் குறையும் இல்லை; பெங்களூர்த் தமிழ் வீடுகளில் அதுதான் நடக்கிறது. ‘பார்பர் ஷாப்’ என்பதை மட்டும் நான் விரும்புவதில்லை. லத்தீனில் தாடியைக் குறிக்கும் ‘பார்பா’விலிருந்து வந்த அது மீண்டும் ஆளிடமே வந்து நிற்கிறது.

‘வாடிக்கையாளர்’ என்ற சொல்லையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். வாடிக்கை என்றால் வழக்கம். கன்னடத்து ‘வாடிகெ’யும் தெலுங்கின் ‘வாடிக’வும் அதுவே. பொருள் வாங்குபவரை விட, வந்த இடத்துக்கே மீண்டும் வருபவரை அது குறிக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒன்றும் கேட்காமல், போர்வையை உதறிக் கழுத்தில் கட்டி, சென்ற மாதம் விட்ட அளவிலேயே கத்தரியைத் தொடங்கும் கடையில்தான் அந்தச் சொல்லுக்கு முழுப் பொருள் கிடைக்கிறது.

பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024-இல் கர்நாடகச் சட்டம் திருத்தப்பட்டது. மீதமுள்ள இடத்தில் தமிழை எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் உள்ளே கண்ணாடியின் ஓரத்தில் ஒரு விலை அட்டை உண்டு. கன்னடம், தமிழ் இரண்டிலும் கையால் எழுதியது. சென்ற மாதம் விலை கூடியபோது புது அட்டை எழுதக் கடைக்காரர் என்னிடம் பேனாவைக் கொடுத்தார். கட்டிங் என்று இருந்த இடத்தில் ‘முடி திருத்தம்’ என்று எழுதலாமா என்று கேட்டேன். வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு சார், எழுதுங்க” என்றார். அடுத்த வரிக்கு ‘மழிப்பு’ என்றதும் தலையை அசைத்தார். “அது யாருக்கும் புரியாது சார், சேவிங்னே இருக்கட்டும்.” அப்படியே எழுதிக் கொடுத்தேன்.