நோட்ஸ் சிங்க் ஆகுதுன்னா பேக்கப் இருக்குன்னு அர்த்தம் இல்லீங்க

சென்னைல மூலக்கடை பக்கம் லேப்டாப், சிஸ்டம் சர்வீஸ் பண்றேன். முன்னாடில்லாம் டிஸ்ப்ளே போச்சு, கீபோர்டுல டீ கொட்டிடுச்சுன்னு வருவாங்க, இப்ப அதுக்கு சமமா வர்றது "ணா, நோட்ஸ் எல்லாம் காணோம்ணா"ன்னு ஒரு கேஸ். இந்த மாசமும் ஒண்ணு வந்துச்சு, அதுக்கப்புறமும் எழுதாம இருந்தா தப்புன்னு தோணுச்சு. வர்றவங்கள்ல நெறைய பேர் டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கிற பசங்க. கொளத்தூர் முதல்வர் படைப்பகத்துல (உக்காந்து படிக்கறதுக்கான பொது எடம்) இடம் புடிச்சு காலைலருந்து ராத்திரி வரைக்கும் உக்காந்து பாலிட்டிக்கு ஒண்ணு, எகனாமிக்கு ஒண்ணு, கரண்ட் அஃபையர்ஸ் மாசத்துக்கு ஒண்ணுன்னு நோட்ஸ் ஆப்ல டைப் பண்ணி வெச்சிருப்பாங்க. அது போச்சுன்னா ஒரு வருஷ உழைப்பு போச்சு. கடைல உக்காந்து அழுத பசங்கள பாத்திருக்கேன்.

எல்லாரும் சொல்றது ஒரே வார்த்தை. "கிளவுட்ல தான இருக்கு, எங்க போகும்?" (கிளவுட்ன்னா நெட் வழியா ஆப் கம்பெனியோட சர்வர்ல இருக்கறது.)

தயவு செஞ்சு இத மட்டும் நிதானமா படிங்க. உங்க போன்ல ஒரு நோட், லேப்டாப்ல அதே நோட், பிரவுசர்ல தொறந்தாலும் அதே நோட், ஆக மூணு காப்பி இருக்குன்னு நெனைக்கறீங்க, இல்லவே இல்ல. இருக்கறது ஒரே நோட், அத மூணு எடத்துலருந்து பாக்கறீங்க. மாடில ஒரு டேங்க், கிச்சன்ல ஒரு குழாய் பாத்ரூம்ல ஒரு குழாய்ன்னா, பாத்ரூம் குழாய தொறந்து விட்டு டேங்க காலி பண்ணிட்டு கிச்சன்ல வரும்னு போய் நிக்க முடியுமா? சிங்க் பண்றதோட வேலையே ஒரு எடத்துல நீங்க செஞ்சத எல்லா எடத்துலயும் செய்யறது தான். நீங்க எழுதினா எல்லா எடத்துலயும் எழுதும், அழிச்சா எல்லா எடத்துலயும் அழிக்கும். தம்பி பொண்ணு விளையாட்டா செலக்ட் ஆல் குடுத்து டிலீட் அடிச்சாலும் அதுக்குத் தெரியாது, நீங்க தான் அழிச்சீங்கன்னு விசுவாசமா கொண்டு போய் எல்லா எடத்துலயும் அழிச்சிட்டு வரும். பேக்கப்ன்னா வேற. இங்க அழிச்சாலும் அங்க அழியாம தனியா ஒண்ணு இருக்கணும், அதுக்குப் பேர் தான் பேக்கப்.

கொடுங்கையூர்லருந்து வந்த ஒரு பொண்ணு போன்ல இடம் இல்லன்னு நோட்ஸ் எல்லாத்தையும் அழிச்சிருக்கு, லேப்டாப்ல தான் இருக்கேன்னு. அழிச்சதெல்லாம் போய் விழற டிராஷையும் எம்டி பண்ணிடுச்சு. (டெக்ஸ்ட் நோட்ஸ் இடமே அடைக்காதும்மா, ஆயிரம் நோட்ஸ அழிச்சாலும் ஒரு வீடியோ அளவு கூட தேறாது. இடம் வேணும்னா வாட்சப் வீடியோவ அழிங்க.) அப்புறமா பயம் வந்து லேப்டாப்ப தூக்கிட்டு கடைக்கு வந்துச்சு. அழிச்சதுக்கப்புறம் அந்த லேப்டாப்ப தொறக்கவே இல்லைன்னு பின்னாடி தான் தெரிஞ்சுது, அதாவது அந்த நேரத்துல அதுக்குள்ள நோட்ஸ் முழுசா இருந்துச்சு. விஷயத்த சொல்லிக்கிட்டே தொறந்துச்சு, போன்ல ஹாட்ஸ்பாட் ஆன்ல இருந்துச்சு, தானா கனெக்ட் ஆயிடுச்சு. இடது பக்கம் லிஸ்ட்ல பேரெல்லாம் வரிசையா தெரியுது, "இதோ இருக்குண்ணா"ன்னு சந்தோஷமா சொல்லி முடிக்கல, மேலருந்து ஒவ்வொண்ணா மறைய ஆரம்பிச்சுது. நான் வைஃபைய ஆஃப் பண்றதுக்குள்ள கடைசில ரெண்டு மட்டும் நின்னுச்சு.

நெட் இல்லாம தொறந்திருந்தா எல்லாத்தையும் வெளிய எடுத்திருக்கலாம். அதனால, போன்ல தப்பா அழிச்சிட்டீங்கன்னு தெரிஞ்ச உடனே வீட்டு வைஃபை ரவுட்டர ஆஃப் பண்ணுங்க, ஹாட்ஸ்பாட்ட ஆஃப் பண்ணுங்க, அப்புறம் தான் லேப்டாப்ப தொறக்கணும். தொறந்து நோட்ஸ வேற ஃபைல்ல காப்பி பண்ணி பென்டிரைவ்ல போடுங்க. கம்ப்யூட்டர்ல ஆப்பா இன்ஸ்டால் பண்ணி யூஸ் பண்றவங்களுக்குத் தான் இது பெரும்பாலும் ஒத்து வரும், பிரவுசர்ல மட்டும் தொறக்கறவங்களுக்கு இந்த வாய்ப்பு ரொம்ப கம்மி.

அடுத்தது ஃபார்மேட், அதாவது டிரைவ்ல இருக்கறத முழுசா அழிச்சிட்டு விண்டோஸ புதுசா போடறது. "எல்லாம் டி டிரைவ்ல இருக்கு, சி-ய அடிச்சிடுங்கண்ணா"ம்பாங்க. டி-ல இருக்கறது உங்க போட்டோவும் சினிமாவும். ஸ்கிரீன்ல மஞ்சளா ஒட்டி வெச்சிருக்கீங்களே ஸ்டிக்கி நோட்ஸ், அது சி டிரைவ்ல ஆப்டேட்டான்னு ஒளிஞ்சிருக்கற ஃபோல்டருக்குள்ள ஒரே ஃபைலா உக்காந்திருக்கு. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல சைன் இன் பண்ணலன்னா அந்த ஃபைல் ஒண்ணு தான் கதி. விண்டோஸ் 11 நோட்பேட்ல சேவ் பண்ணாமலே விடற டேப்பும் சி-ல தான் இருக்கு, மூடித் தொறந்தா திரும்ப வருதேன்னு மாசக்கணக்கா அன்டைட்டில்டுலயே கடைக்கணக்கு எழுதி வெச்சிருக்காரு காசிமேட்டு மீன் வியாபாரி ஒருத்தர். சார், கன்ட்ரோல் எஸ் ஒரு தடவ அழுத்துங்க சார். இப்ப வர்ற மெஷின்ல பெரும்பாலும் எஸ்எஸ்டி (சிப்ல சேமிக்கற புது வகை டிஸ்க்), பழைய ஹார்டு டிஸ்க் மாதிரி அழிச்சத தோண்டி எடுக்க முடியாது. அழிச்ச எடத்த தானாவே துடைச்சு சுத்தம் பண்ற டிரிம் ஓடிடுச்சுன்னா நானும் கை விரிக்க வேண்டியது தான். சர்வீஸுக்குக் குடுக்கும்போது என்ன ஆப்ல நோட்ஸ் வெச்சிருக்கீங்கன்னு வாயத் தொறந்து சொல்லுங்க, நாங்களா கண்டுபுடிப்போம்னு இருக்காதீங்க.

சரி, செய்ய வேண்டியது. மாசம் ஒரு தடவ எக்ஸ்போர்ட் பண்ணுங்க, அதாவது நோட்ஸ் ஆப்லருந்து தனி ஃபைலா வெளிய எடுங்க. ஒன்நோட்ல ஃபைல், எக்ஸ்போர்ட் போனா முழு நோட்புக்கையும் பிடிஎஃப்பா எடுக்கலாம். கூகுள் கீப்னா கூகுள் டேக்அவுட்ல (கூகுள்ல இருக்கற உங்க டேட்டாவ டவுன்லோட் பண்ற எடம்) எடுக்கலாம். நோஷன்ல செட்டிங்ஸ்ல எக்ஸ்போர்ட் இருக்கு. அப்சிடியன் யூஸ் பண்ணா இன்னும் சுலபம், அது வெறும் ஃபோல்டர் தான், அப்படியே காப்பி பண்ணிக்கலாம். எடுத்தத பென்டிரைவ்ல போட்டு அந்த பென்டிரைவ லேப்டாப் பேக்லயே வெக்காதீங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வியாசர்பாடி, புளியந்தோப்பு வீடுகள்ல தண்ணி பூந்தப்ப லேப்டாப், ஹார்டு டிஸ்க், பென்டிரைவ் எல்லாம் ஒரே பையில நனைஞ்சு வந்துச்சு. வேற வீட்ல, அக்கா வீட்லயோ மாமா வீட்லயோ ஒண்ணு இருக்கட்டும்.

ஃப்ரீயா குடுக்கறது என்னிக்கும் இப்படியே இருக்கும்னும் நெனைக்காதீங்க. எவர்நோட் ஃப்ரீ அக்கவுன்ட்டுக்கு 2023 டிசம்பர்லருந்து 50 நோட், ஒரு நோட்புக் தான். விண்டோஸ் 10-க்கான ஒன்நோட் ஆப் 2025 அக்டோபர் 14-க்கு அப்புறம் படிக்க மட்டும் தான், எழுத முடியாது. பழைய ஆப்ல இருக்கறவங்க புது ஒன்நோட்டுக்கு மாறிக்கோங்க.

அப்புறம் ஒண்ணு, கோவமா தான் சொல்றேன். "பேங்க்"ன்னு தலைப்பு போட்டு ஏடிஎம் பின், நெட் பேங்கிங் பாஸ்வேர்டு, அம்மாவோட ஆதார் நம்பர் வரைக்கும் நோட்ல எழுதி வெக்கறீங்க, அந்த மெஷின பாஸ்வேர்டோட எங்கிட்ட குடுத்துட்டுப் போறீங்க. நான் பாக்க மாட்டேன், எல்லாரும் அப்படி இருப்பாங்களா? பிரவுசிங் சென்டர்ல லாகின் பண்ணிட்டு லாக்அவுட் பண்ணாம வர்றதும் இதே கதை தான். இன்னிக்கே அந்த நோட்ட அழிச்சிட்டு பாஸ்வேர்ட மாத்துங்க. பணம் போயிட்டா தாமதிக்காம சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-க்கு போன் பண்ணுங்க.

இப்ப இத படிக்கும்போதே ஏதாவது நோட் காணோம்னு யாருக்காவது ஞாபகம் வந்தா, மொதல்ல டிராஷ பாருங்க. கீப்ல 7 நாள் தான் இருக்கும். ஒன்நோட்ல நோட்புக்குக்குள்ளயே ரீசைக்கிள் பின் இருக்கு, அதுல 60 நாள் வரைக்கும் இருக்கும். அந்த நாள் தாண்டறதுக்குள்ள வாங்க.