அடைப்பு பாதிகூட இல்லை, பிறகு எப்படி மாரடைப்பு?

"ஆஞ்சியோவில் அடைப்பு பாதிகூட இல்லைன்னு சொன்னீங்களே டாக்டர், அப்புறம் எப்படி அட்டாக் வந்தது?" நோயாளியின் வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து குழாய் முழுதாக அடைபடுவதுதான் மாரடைப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கொழுப்புத் திட்டு சிறிதாக இருக்கும்போதே அதன் மேல் ரத்தம் உறைந்து குழாய் மூடிக்கொள்ளலாம். சிலருக்குத் திட்டின் மூடி கிழிந்து அப்படி ஆகிறது. வேறு சிலருக்குக் கிழிசலே இருக்காது. திட்டின் மேல் படர்ந்திருந்த உட்சுவர் செல்கள் செத்து உதிர்ந்திருக்கும், அந்த இடத்தில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒட்டிக்கொள்ளும்.

எண்டோதீலியம் எனப்படும் இந்த உட்சுவர் ஒரே ஒரு செல் கனம்தான். ரத்தத்தை உறையவிடாமல் வைத்திருப்பதும், நைட்ரிக் ஆக்சைடு மூலம் குழாயைத் தளர்த்துவதும் அதன் வேலை. செல்கள் சாவதும் பக்கத்துச் செல்கள் அந்த இடத்தை நிரப்புவதும் இயல்பாக நடப்பவை. சாவு முந்திக்கொண்டால்தான் சிக்கல்.

அந்தக் கணக்கைத் தீர்மானிப்பதில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுக்குப் பெரிய பங்கு உண்டு. செல்லுக்குள் இருக்கும் மிகச் சிறிய மரபுத் துண்டுகள் இவை, நீளம் சுமார் 22 எழுத்துகள்தான். இவை தாமே புரதம் எதையும் உண்டாக்குவதில்லை. புரதத்துக்கான கட்டளையைச் சுமந்து வரும் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு, அந்தப் புரதத்தின் உற்பத்தியைக் குறைத்துவிடும். 1993இல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டறிந்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

உட்சுவர் செல்களில் நிறைய இருப்பது மிர்-126 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. சாகப்போகும் செல் தன்னைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்துக்கொள்கிறது. அந்தப் பொட்டலங்களில் மிர்-126ஐயும் வைத்து அனுப்புகிறது. பக்கத்துச் செல் அதை வாங்கியதும் சி.எக்ஸ்.சி.எல்.12 என்ற புரதத்தைச் சுரந்து, பழுதுபார்க்கும் செல்களை வரவழைக்கிறது. 2009இல் வெளியான எலி ஆய்வில், இந்தப் பொட்டலங்களைச் செலுத்தியபோது கொழுப்புத் திட்டுகள் அவ்வளவாக வளரவில்லை. சாகும் செல் போகிற போக்கில் அண்டை வீட்டைக் காப்பாற்றிவிட்டுப் போகிறது. இதே மிர்-126இன் இன்னொரு இழை செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, செல்லைச் சாகடிக்கும் காஸ்பேஸ்-3 நொதியையே பிடித்து நிறுத்துகிறது என்று 2020இல் தெரியவந்தது. ரத்தம் சீராக ஓடும் இடங்களில்தான் இந்தப் பாதுகாப்பு நன்றாக வேலை செய்கிறது. கழுத்துத் தமனி கிளை பிரியும் இடம் போல ஓட்டம் சுழலும் இடங்களில் கொழுப்பு அதிகம் படிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டியது இங்கேதான். அதிக குளுக்கோஸில் வளர்த்த உட்சுவர் செல்கள் வெளிவிடும் நுண்துகள்களில் மிர்-126 குறைந்துவிடுகிறது, அவற்றின் பழுதுபார்க்கும் திறனும் குறைகிறது. அதாவது சாவு கூடும் இடத்தில் உதவி குறைகிறது. வயது ஏறும்போது மிர்-34ஏ என்ற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ. வேறு கூடி, செல்லை இளமையாக வைத்திருக்கும் சர்ட்-1 புரதத்தை அடக்குகிறது. "சுகர் 200தான் டாக்டர், உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்த மாற்றங்கள் வலிக்காது, ஈ.சி.ஜி.யிலும் தெரியாது.

சரி, மிர்-34ஏவைக் குறைத்தும் மிர்-126ஐ ஏற்றியும் மருந்து கொடுக்கலாமே? அவ்வளவு எளிதல்ல. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. பல நூறு கட்டளைகளைத் தொடும். இதயத்துக்கு வேண்டாத அந்த மிர்-34ஏ புற்றுநோயை அடக்க உதவும் என்பதால், அதன் செயற்கை வடிவத்தைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடுமையான எதிர்ப்பாற்றல் பக்கவிளைவுகளால் 2016இல் அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது. இதயச் செயலிழப்புக்கு மிர்-132ஐத் தடுக்கும் மருந்து ஒன்று மனிதர்களிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது. ரத்தக்குழாய் உட்சுவரைக் காக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து எதையும் இன்று நான் சீட்டில் எழுத முடியாது.

"ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் அட்டாக் வருமா என்று முன்கூட்டியே தெரியுமாமே" என்றும் கேட்கிறார்கள். இப்போதைக்கு அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். ரத்தத்திலுள்ள மிர்-126இல் பெரும் பகுதி தட்டணுக்களிலிருந்தே வருகிறது. ஆஸ்பிரின் சாப்பிட்டால் அளவு இறங்கும். பச்சை மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தால் அதிலுள்ள ஹெப்பாரின் என்ற உறைதடுப்பு மருந்து பரிசோதனையைத் தடுக்கும். ஆஞ்சியோவின்போது கொடுத்த ஹெப்பாரினாலும் அதே குழப்பம்தான். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்து பிளாஸ்மா லேசாக ரோஸ் நிறமானாலும் எண்கள் மாறிவிடும். இதய நோயாளிக்குக் குறைவாக வந்த முடிவு, உட்சுவரைச் சொல்கிறதா அவர் விழுங்கிய மாத்திரையைச் சொல்கிறதா என்று பிரித்தறிவது கடினம்.

அதைவிட, சர்க்கரை நோயாளிகள் பலர் செய்யாமலே விடும் ஒரு பரிசோதனை இருக்கிறது: சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம். சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உட்சுவர் கெடத் தொடங்கினால் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் சிறுநீரில் கசியும். இந்த விகிதம் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போனால், சிறுநீரகம் மட்டுமல்ல, இதயக் குழாய்களும் ஆபத்தில் இருக்கின்றன என்றே எடுத்துக்கொள்கிறோம். காலையில் முதலில் போகும் சிறுநீர் போதும். ஆண்டுக்கு ஒருமுறை, எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) எடுக்கும் ஒரு நாளில் இதையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தால் மட்டும் அது குணமான பிறகு கொடுங்கள்.