சத்தமே எழுப்பாதவருக்கு எப்படி மார்க் போடுகிறார்கள்?

2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியதிலிருந்து மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவைப் பற்றி வாசகர்கள் கேட்பது கூடிவிட்டது. அதில் ஒரு கேள்வி கொஞ்சம் குறும்பானது. “எல்லோருக்கும் முன்னால் நின்று குச்சியை ஆட்டுகிறாரே, அவர் ஒரு சத்தமும் எழுப்புவதில்லை. இப்படிப்பட்டவர்களுக்கென்று உலகப் போட்டியெல்லாம் நடக்கிறதாமே, எதை வைத்து மார்க் போடுவார்கள்?”

போட்டி நடப்பது உண்மைதான். அப்படிக் குச்சியால் ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர்தான் கண்டக்டர், அந்தக் குச்சியைக் கோல் என்று சொல்கிறேன். பிரான்ஸின் பெசான்சோன் நகரில் இளம் கண்டக்டர்களுக்கான போட்டி 1951ல் தொடங்கியது. 1959ல் அதை வென்றவர் செய்ஜி ஒசாவா. ஜப்பானிலிருந்து சரக்குக் கப்பலில் ஒரு ஸ்கூட்டரோடு ஐரோப்பாவுக்கு வந்து இறங்கிய 23 வயதுப் பையன். பின்னாளில் பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை 29 வருடம் நடத்தினார். கோபன்ஹேகனில் மால்கோ போட்டி 1965லிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் 2004ல் முதன்முதலாக நடந்த மாலர் போட்டியில் ஜெயித்தவர் வெனிசுவேலாவின் குஸ்தாவோ டுடமெல். பம்பாயில் பிறந்த ஜுபின் மேத்தாவுக்கும் 1958ல் லிவர்பூல் போட்டிதான் முதல் கதவைத் திறந்தது. வென்றதற்குப் பரிசாக அங்கேயே ஒரு வருடம் உதவி கண்டக்டர் வேலை கிடைத்தது.

போட்டி நடக்கும் முறையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களிலிருந்து சிலரைப் பொறுக்குவார்கள். தேர்வானவர் முன்பின் தெரியாத ஆர்கெஸ்ட்ராவின் முன் நிற்க வேண்டும். முதல் சுற்றில் கிடைப்பது சில நிமிடங்கள்தான், சுற்று ஏற ஏற நேரம் கூடும். ஹைடன் சிம்பொனி ஒன்று, பாடகருக்குத் துணையாக ஒரு மோட்சார்ட் பகுதி, இருபதாம் நூற்றாண்டின் சிக்கலான தாளக்கட்டு ஒன்று, இறுதிச் சுற்றில் பெரும்பாலும் அன்றுவரை யாரும் கேட்டிராத புது இசை. கச்சேரியாக நடத்துவது மட்டும் போதாது. ஒத்திகை பார்ப்பதையும் நடுவர்கள் உட்கார்ந்து கவனிப்பார்கள். சில போட்டிகளில் வாத்தியக்காரர்களின் தாள்களில் வேண்டுமென்றே தப்பு ஸ்வரங்களை எழுதி வைத்துவிட்டு, “எங்கே, யார் வாசித்தது தப்பு?” என்று கேட்கும் சோதனையும் இருந்திருக்கிறது. அதை ஜெயிக்கக் காது வேண்டும், சரி. ஆனால் கை? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

முதலில், கண்டக்டர் எதற்கு? நாலு பேர் வாசிக்கும்போது ஒருவரும் முன்னால் நிற்பதில்லையே. எண்பது பேருக்கு மட்டும் ஏன் தேவை?

ஒலி மெதுவாகப் போவதுதான் காரணம். காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். மேடையின் ஒரு கோடியில் உள்ள வயலினிலிருந்து மறு கோடியில் உள்ள டபுள் பேஸுக்கு (ஆளுயர வயலின் மாதிரி இருக்கும்) 17 மீட்டர் இருந்தால், சத்தம் போய்ச் சேர 50 மில்லி விநாடி ஆகும். விநாடியில் இருபதில் ஒரு பங்குதானே என்று விட்டுவிட முடியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் குழுவினர் 2004ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இரண்டு பேரைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் வழியாக ஒருவர் சத்தத்தை மற்றவர் கேட்டபடி சேர்ந்து கைதட்டச் சொன்னார்கள். நடுவில் தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். தாமதம் 11.5 மில்லி விநாடியைத் தாண்டியதும் தட்டின் வேகம் குறையத் தொடங்கியது. இவர் அவருக்காகக் காத்திருக்கிறார், அவர் இவருக்காகக் காத்திருக்கிறார், இரண்டு பேரும் சேர்ந்து இழுபடுகிறார்கள். தாமதம் அதைவிடக் குறைவாக இருந்தபோதோ வேகம் தானாகக் கூடியது!

11.5 மில்லி விநாடி என்றால் ஒலிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் தூரம். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் குழு இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். எண்பது பேர் மேடை அடங்காது. காதை மட்டும் நம்பினால் ஆர்கெஸ்ட்ரா மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிடும். 1922ல் மாஸ்கோவில் ‘பெர்சிம்ஃபான்ஸ்’ என்று கண்டக்டரே இல்லாத ஒரு ஆர்கெஸ்ட்ரா தொடங்கினார்கள். எல்லோரும் சமம், தலைவர் எதற்கு என்ற புரட்சிக்காலக் கொள்கை. பத்து வருடம் நன்றாகவே வாசித்தார்கள். ஆனால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வட்டமாக உட்கார வேண்டியிருந்தது, ஒத்திகையும் எக்கச்சக்கமாகத் தேவைப்பட்டது. தலைவரை நீக்க முடிந்தது, கண்ணை நீக்க முடியவில்லை.

ஆக, ஒளி. மேடை அளவு தூரத்துக்கு ஒளி எடுக்கும் நேரத்தைப் பூஜ்யம் என்றே வைக்கலாம். கையைப் பார்த்து எல்லோரும் ஒரே கணத்தில் வாசித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கண் காலக்கணக்கில் காதைவிடச் சோம்பேறி. தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோம் ‘டிக் டிக்’கென்று அடித்தால் விரல் அழகாகச் சேர்ந்து தட்டும். அதே இடைவெளியில் ஒரு விளக்கை மினுக்கினால் விரல் தடுமாறும். இது பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம்.

அப்படியானால் கண்டக்டரின் கை மட்டும் எப்படி வேலை செய்கிறது?

ஜான் ஐவர்சன், அனிருத் பட்டேல் முதலானவர்கள் 2015ல் வெளியிட்ட ஆய்வில், மினுக்கும் விளக்குக்குப் பதிலாகத் திரையில் ஒரு பந்தைக் குதிக்கவிட்டார்கள். அது தரையைத் தொடும் கணத்தில் விரலால் தட்ட வேண்டும். தடுமாற்றம் பெரும்பாலும் போய்விட்டது! ஏறக்குறையக் காதால் கேட்டுத் தட்டும் அளவுக்குத் துல்லியம் வந்தது. (காது கேளாதவர்கள், மினுக்கும் விளக்கோடு சேர்ந்து தட்டுவதில் கேட்கிறவர்களைவிடத் தேர்ந்தவர்களாக இருந்தார்கள் என்பது அதே ஆய்வின் இன்னொரு அழகான முடிவு.)

விளக்கு மினுக்கும்போது அடுத்த மினுக்கலைப் பற்றி ஒரு தகவலும் நடுவில் வருவதில்லை. பந்து விழும்போதோ ஒவ்வொரு கணமும் ‘இதோ, இதோ, இன்னும் கொஞ்சம்’ என்று சொல்லிக்கொண்டே வருகிறது. பிறந்த நாளிலிருந்து பொருள்கள் விழுவதைப் பார்த்த மூளைக்கு அது எப்போது தரையைத் தொடும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. கண்டக்டரின் கோல் செய்வதும் இதுதான். கோல் கீழே வந்து, காற்றில் இல்லாத ஒரு தரையில் பட்டு, மேலே எழும்புகிறது. பின்லாந்தின் யூவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் ஜெஃப் லக், பெட்ரி டொய்வியைனென் இருவரும் 2006ல் ஒரு கண்டக்டரின் கை அசைவைப் பதிவு செய்து, குழுவின் ஒலியோடு ஒப்பிட்டார்கள். கோலின் வேகம் மிகச் சடாரென்று குறையும் தருணங்களோடுதான் குழு அதிகம் ஒட்டி வாசித்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தரையை ஒவ்வொரு வாத்தியக்காரரும் பார்க்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதன் முழு அழகும் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கத்தில் இருக்கிறது. ‘டடட டா’ என்ற நாலு ஸ்வரம் எல்லோருக்கும் தெரியும். இசைத்தாளில் முதலில் இருப்பது ஸ்வரமில்லை, ஒரு குட்டி மௌனம். நம் ஊரில் தாளத்தட்டு விழுந்து கால் இடம் தள்ளி எடுக்கும் பாட்டைப் போலத்தான் இது. வேகத்தை பீத்தோவனே எழுதி வைத்திருக்கிறார்: நிமிடத்துக்கு 108 தட்டு. ஒரு தட்டுக்கு 60 வகுத்தல் 108, அதாவது 0.556 விநாடி. மௌனம் அதில் கால் பங்கு, 0.139 விநாடி.

கண்ணால் ஒன்றைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் அசைய ஏறக்குறைய 0.2 விநாடி வேண்டும். கோல் கீழே பட்டதிலிருந்து 0.139 விநாடியில் முதல் ஸ்வரம் வந்தாக வேண்டும். கோல் பட்டதைப் பார்த்த பிறகு வாசிக்கத் தொடங்குகிறவர் இரண்டாவது ஸ்வரத்துக்குக்கூடத் திண்டாடுவார். பட்ட கணத்தைப் பார்த்து யாரும் வாசிக்கவில்லை, வாசிக்கவும் முடியாது! அதற்கு முன் கோல் மேலே எழும்பியதே, அந்த ஒரே அசைவிலிருந்து வேகம், பலம், எல்லாவற்றையும் அறுபது எழுபது பேர் தனித்தனியே கணித்து, ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள். இதற்கு முந்தைய தட்டு என்று ஒன்றும் கிடையாது. அரங்கம் நிசப்தமாக இருக்கும்போது வரும் முதல் அசைவு அது. அதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 0.556 விநாடிக்கு ஒருமுறை தரையைத் தொடும் பந்து எவ்வளவு உயரம் எழும்பும்? பத்தாம் வகுப்புச் சூத்திரம்தான்: 38 சென்டிமீட்டர். கை சௌகரியமாகப் போய்வரும் உயரம். வேகத்தை நிமிடத்துக்கு 60 தட்டாகக் குறைத்தால் பந்து 1.2 மீட்டருக்கு மேல் எழும்ப வேண்டும், எந்தக் கையும் அப்படிப் போகாது. ஆக, மெதுவான இசையில் கை புவியீர்ப்பைப் பொய்யாக நடிக்க வேண்டும். ஏதோ கெட்டியான திரவத்துக்குள் நகர்வதுபோல நகர்ந்து, அப்போதும் எங்கே தரை என்று காட்ட வேண்டும். மெதுவான பகுதியை நடத்துவதுதான் கஷ்டம் என்று கண்டக்டர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இதோடு முடியவில்லை. பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் பல, கோல் பட்ட கணத்துக்குச் சற்றுப் பின்னாலேயே வாசிக்கும். டபுள் பேஸின் அடித்தந்தி முழுக்குரலில் பேச நேரமெடுக்கும், பின்வரிசையில் உள்ள டிம்பனி என்ற பெரிய முரசின் ஒலி நடந்து வரவும் நேரமெடுக்கும். கண்டக்டர் காதில் விழுவது நடந்து முடிந்தது, கை காட்டுவது வரப்போவது. பழக்கமில்லாதவர் இந்த இடைவெளியைப் பார்த்து ‘பின்தங்குகிறார்களே’ என்று தானும் காத்திருப்பார். அவ்வளவுதான், ஸ்டான்ஃபோர்டு கைதட்டல் கதை இங்கேயும் ஆரம்பித்துவிடும். போட்டியின் முதல் சுற்றில் இது அடிக்கடி நடக்கும் விபத்து.

இப்போது மார்க்குக்கு வருவோம். நடுவர்கள் பார்ப்பது கை அழகை அல்ல. முதல் அசைவிலேயே குழுவுக்கு வேகம் புரிந்ததா? கண்டக்டர் வாயால் விளக்க ஆரம்பித்தால் அநேகமாகக் கை தோற்றுவிட்டது என்று அர்த்தம். நிறுத்தித் திருத்திய இடம் மறுமுறை மாறியதா? அப்புறம், குழு தன்பாட்டுக்கு நன்றாக வாசிக்கிறதா, இவரால் நன்றாக வாசிக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு அளவுகோல்கூட உண்டு. இத்தாலிய ஆய்வாளர்கள் 2012ல் கண்டக்டர்களின் கோலிலும் எட்டு வயலின்காரர்களின் வில்லிலும் அகச்சிவப்புக் குறிகளை ஒட்டி, எந்த அசைவு எதை முன்நடத்துகிறது என்று கணக்கிட்டார்கள். கோலின் பிடி கூடி, வயலின்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சமாளிப்பது குறைந்தபோது, கேட்ட நிபுணர்கள் இசைக்கு அதிக மதிப்புக் கொடுத்தார்கள்.

நடுவர்களும் மனிதர்கள்தான். சியா-ஜுங் சாய் 2013ல் வெளியிட்ட ஆய்வில், பியானோ போட்டிகளின் ஒலியில்லாத வீடியோவை மட்டும் பார்த்தவர்கள் வெற்றியாளரை ஓரளவு கண்டுபிடித்துவிட்டார்கள். ஒலியை மட்டும் கேட்டவர்களால் முடியவில்லை, கேட்டவர்களில் இசைக்கலைஞர்களும் அடக்கம். பியானோவுக்கு இது வெட்கக்கேடு. கண்டக்டருக்கோ பார்வைதான் தொழில், அதனால் எது திறமை எது தோரணை என்று பிரிப்பது இன்னும் சிக்கல். ‘கண்டக்டர் என்றால் இப்படித்தான் இருப்பார்’ என்ற பிம்பத்தால் பெண்கள் இந்தத் துறையில் எவ்வளவு காலம் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதற்கு, 2020ல் பாரிஸில் ‘லா மேஸ்த்ரா’ என்று பெண்களுக்கென்றே ஒரு போட்டி தொடங்க வேண்டிவந்ததே சாட்சி.

கண்டக்டரைச் சுற்றி வேறு மூடநம்பிக்கைகளும் உண்டு. கையை ஆட்டுவதால் ஆயுள் நீளும் என்று 1970களில் ஒரு கட்டுரை கிளம்பி, இன்னும் வாட்ஸ்அப் காலத்திலும் சுற்றுகிறது. புகழ்பெற்ற கண்டக்டர் ஆவதற்கே பெரும்பாலும் முப்பது, நாற்பது வயது ஆகிவிடும். அந்த வயதுவரை பிழைத்தவர்களை மட்டும் எடுத்து, குழந்தையில் இறந்தவர்களையும் சேர்த்த சராசரியோடு ஒப்பிட்டால் யாருக்குத்தான் ஆயுள் நீளாது?

“குச்சி ஆட்டுவதற்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா?” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். உடல் எப்படித் தாளத்தை முன்கூட்டிக் கணிக்கிறது என்ற இதே கேள்வியிலிருந்துதான், பார்கின்சன் நோயாளிகளின் நடையைத் தாள ஒலியால் சீராக்கும் சிகிச்சையை மைக்கேல் தாட் குழுவினர் 1990களில் வளர்த்தெடுத்தார்கள். நட்டுவாங்கத் தாளத்துக்கும் ஆடுகிறவர் பாதத்துக்கும் நடுவே எத்தனை மில்லி விநாடி என்று அளக்க நம் ஊரில் யாராவது நிதி கேட்டால் சிரிக்காமல் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

கடைசியாக ஒன்று. பெசான்சோன் போன்ற போட்டிகளில் நடுவர் பரிசு, பார்வையாளர் பரிசு இரண்டோடு, வாசித்தவர்களே ஓட்டுப்போட்டுக் கொடுக்கும் ஆர்கெஸ்ட்ரா பரிசு ஒன்றும் உண்டு. மூன்றும் ஒரே ஆளுக்குப் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. பரிசுப் பட்டியல் கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது அந்த மூன்றாவது பெயரைத்தான். கோல் எப்போது தரையைத் தொடும் என்று அன்று கணித்தவர்கள் அவர்கள்தானே.