குடை மாத்த வேண்டாம், குழாய் மாத்த வேணும்

இருதயத்தில் குழாய் வைத்துத் தைத்த பிள்ளை ஒன்று பள்ளிக்கூட மாடிப்படி ஏற மாட்டாமல் இளைத்துக்கொண்டு வருகிறது. இடையில் நாலு வருசம் கிளினிக் பக்கமே வரவில்லை. "ஒப்பரேசன் முடிஞ்சுதுதானே, பிள்ளையும் நல்லாத்தானே இருந்தவன்" என்கிறார்கள் பெற்றோர். பக்கத்துக் கதிரையில் இருப்பவ, தொடை நாளம் வழியாகக் குடை என்ற கருவி வைத்து இருதய ஓட்டை அடைத்த பிள்ளையின் தாய். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அவனை ஓட விடுவதில்லை. "வளர வளர அந்தக் குடை சிறிசாப் போயிடுமே டொக்டர், எப்ப மாத்த வேணும்?" மாத்தத் தேவையே இல்லாத வீட்டில் பயம். கட்டாயம் மாத்த வேண்டிய வீட்டில் கவலையே இல்லை. இந்தத் தலைகீழைப் பார்த்துப் பார்த்துச் சலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் குடை. ஏ.எஸ்.டி என்ற மேலறைச் சுவர் ஓட்டைக்கு வைக்கும் இந்தக் கருவி, நிக்கலும் தைத்தானியமும் கலந்த நிற்றினோல் கம்பியில் பின்னிய வலை. மெல்லிய குழாய்க்குள் நீட்டி அனுப்பினால், வெளியே வந்ததும் பழைய வடிவத்துக்குத் தானே திரும்பும். இரண்டு தட்டு, நடுவில் ஓர் இடுப்பு, உள்ளே பொலியெஸ்டர் துணி. 14 மில்லிமீற்றர், 18 மில்லிமீற்றர் என்று வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் காட்டில் (அட்டையில்) எழுதியிருப்பது பெரும்பாலும் அந்த இடுப்பின் அளவு. தட்டுகள் பிடித்து நிற்க ஓட்டையைச் சுற்றிப் பொதுவாக 5 மில்லிமீற்றர் விளிம்பாவது வேணும். விளிம்பு போதாவிட்டாலோ ஓட்டை சுவரின் நடுவில் இல்லாவிட்டாலோ சத்திரசிகிச்சைதான். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வெட்டாமல் செய்தவை, எங்கட பிள்ளைக்கு மட்டும் ஏன்?" என்ற கேள்விக்கு விடை அதுதான்.

இனி அந்த "சிறிசாப் போயிடும்" கதை. வைத்த அன்று அது வெறும் கம்பியும் துணியும். 3 முதல் 6 மாதத்துக்குள் இருதயத்தின் உட்சவ்வு அதன்மேல் படர்ந்து மூடிவிடும். நம் ஊர் வேலியில் கிளுவைக் கதியாலில் அடித்த முள்ளுக்கம்பியைப் பாருங்கள். சில வருசத்தில் மரம் பருத்துக் கம்பியை உள்ளே விழுங்கிவிடும். கம்பி வளர்ந்ததா? இல்லை. மரம் வளர்ந்ததால் கம்பி கழன்றதா? அதுவும் இல்லை. ஓட்டை அடைபட்ட சுவரும் இப்படித்தான். கருவி இருந்த அளவில் இருக்கும், சுற்றியுள்ள தசை வளரும், சுவர் பெரிதாகும். அடைத்த ஓட்டை திரும்ப விரியாது. வி.எஸ்.டி என்ற கீழறைச் சுவர் ஓட்டைக்குத் தைக்கும் துணிக்கும், பி.டி.ஏ என்ற, பிறந்தபின் மூடாத இரத்தக்குழாய்க்கு வைக்கும் அடைப்புக்கும் இதே நியாயம்தான். இருபது வயதில் மாத்துவதற்கென்று காசு சேர்க்க வேண்டாம். முதல் மாதம் துள்ளல், பாரம், மோதல் விளையாட்டு வேண்டாம். அதன்பின் டொக்டர் எக்கோ (இருதய ஸ்கான்) பார்த்துச் சரி என்றால் ஓட விடுங்கள், தயவுசெய்து.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மிக அரிதாகக் குடையின் விளிம்பு இருதயச் சுவரை உரசி அரிக்கலாம். பெரும்பாலும் முதல் நாட்களில், சிலருக்கு வருசங்கள் கழித்தும். குடை வைத்தவருக்குத் திடீர் நெஞ்சுநோ, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் வாய்வு என்று இஞ்சித்தண்ணி கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே வைத்தியசாலை, அங்கே எக்கோ.

உட்சவ்வு மூடும்வரை கம்பியில் இரத்தம் கட்டியாகாமல் இருக்கத்தான் அஸ்பிரின். வழமையாக 6 மாதம், கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம். 15 கிலோப் பிள்ளைக்கு அது 45 முதல் 75 மில்லிகிராம். வீட்டில் கிடக்கும் 300 மில்லிகிராம் குளிசையைக் கண்மட்டத்தில் உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். மாரி தொடங்கினால் இங்கே டெங்கு. அஸ்பிரின் எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே காட்டுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். கொப்பளிப்பான் வந்தாலும் அப்படியே. காய்ச்சலுக்கு பரசிற்றமோல் மட்டும். இபுபுரூஃபன் டெங்குவில் ஆபத்து, அஸ்பிரினின் வேலையையும் கெடுக்கும்.

துணி விசயத்துக்கு வருவோம். சத்திரசிகிச்சையில் தைக்கும் ஒட்டு மூன்று வகையில் ஒன்றாக இருக்கும்: டாக்ரன், அதாவது சேட்டுத் துணியில் இருக்கும் அதே பொலியெஸ்டர், கோர்டெக்ஸ் என்ற செயற்கைப் பொருள், அல்லது இருதயத்தைச் சுற்றியுள்ள உறை. உறை பிள்ளையினுடையதாகவே இருக்கலாம். வெட்டியெடுத்த உறை ஈர வெற்றிலை போலத் துவண்டு சுருளும். அதை விரித்து, 0.6 வீத குளூட்டரல்டிஹைட் என்ற பதப்படுத்தும் திரவத்தில் சில நிமிடம் ஊறவைத்து, உப்புநீரில் நன்றாகக் கழுவினால் விறைத்து, ஊசிக்கு இசைவாக வரும். ஊறாத உறை பிறகு சுருங்கவோ புடைக்கவோ கூடும்.

மாட்டு உறையும் பாவிப்பார்கள். சைவ வீடுகளில் இதைக் கேள்விப்பட்டுப் பிறகு மனம் வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். கையெழுத்து வைக்குமுன் வாய்திறந்து கேளுங்கள். சாதாரண ஓட்டைக்குப் பெரும்பாலும் வேறு பொருள் உண்டு. ஆனால் வால்வுள்ள குழாய் என்றால் தெரிவு குறைவு. அந்த இடத்தில் பிள்ளையின் உயிர்தான் முதல்.

அந்தக் குழாய்தான் இந்தக் கட்டுரையின் காரணம். வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குப் போகும் பாதையே இல்லாத பிள்ளைகளுக்கு, மாட்டின் கழுத்து நாளத்தையோ இறந்தவர் தானம் செய்த குழாயையோ பாதையாகத் தைப்பார்கள். அது சுவரில் வைத்த ஒட்டு அல்ல. நாள் முழுக்க இரத்தம் ஓடும் வாய்க்கால். 14 மில்லிமீற்றர் குழாய் 14 மில்லிமீற்றராகவேதான் இருக்கும், பிள்ளையோ இரண்டு மடங்காகும். போதாக்குறைக்கு உள்ளே சுண்ணாம்பு படிந்து வால்வு இறுகும். சின்ன வயதில் அது இன்னும் வேகம். பிள்ளைக்கு மூச்சு இளைக்கும்போது கீழறை ஏற்கனவே தடித்து, விரிந்து, களைத்துவிட்டது என்று அர்த்தம். எக்கோவில் அதற்கு வெகு முன்பே தெரியும். அதனால்தான் கிளினிக். 2000ஆம் ஆண்டு பாரிஸில் முதன்முதலாகச் செய்தபின், பழைய குழாய்க்குள்ளேயே நாளம் வழியாகப் புது வால்வு வைக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் அதற்குக் குழாயின் அகலம், பக்கத்து இருதய நாடிகளின் இடம் எல்லாம் பொருந்தி வரவேணும். பிந்தி வந்தால் அந்த வழியும் அடைபடலாம்.

நுரையீரலுக்கு இரத்தம் போதாமல் உடல் நீலிக்கும் குழந்தைகளுக்கு வைக்கும் 3.5 அல்லது 4 மில்லிமீற்றர் கோர்டெக்ஸ் குழாய் இன்னும் பொல்லாதது. பென்சில் பருமன்கூட இல்லை. வயிற்றோட்டமோ சத்தியோ வந்து உடலில் நீர் வற்றினால் இரத்தம் தடித்து அதற்குள் கட்டியாகலாம். அந்தக் குழந்தைக்கு வயிற்றோட்டம் என்றால் ஜீவனி கரைத்துக் கொடுத்துக்கொண்டே புறப்படுங்கள், நாளை பார்ப்போம் என்று இருக்கவேண்டாம். உதடு வழமையைவிட நீலித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கவேண்டாம்.

பல்லைப்பற்றி எத்தனை தரம் சொல்வது! வாயில் இருக்கும் கிருமி இரத்தத்தில் ஏறிக் கருவியில் தொற்றலாம். கருவியோ துணியோ வைத்து முதல் 6 மாதமும், பக்கத்தில் ஒழுக்கு மிச்சமிருந்தாலோ செயற்கை வால்வு இருந்தாலோ ஆயுள் முழுக்கவும், பல் பிடுங்கவும் ஊத்தை எடுக்கவும் போகுமுன் பல் டொக்டரிடம் சொல்லுங்கள். வழமையில் அமொக்சிசிலின் என்ற அன்ரிபயோட்டிக் கிலோவுக்கு 50 மில்லிகிராம், கூடினது 2 கிராம், 30 முதல் 60 நிமிடம் முன்பு, ஒரே தரம். பால்பல் தானாக விழுந்தால் தேவையில்லை. காரணம் தெரியாத காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால் பாமசியில் அன்ரிபயோட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். இரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்குமுன் இரண்டு குளிசை உள்ளே போனாலே கிருமி ஒளிந்துவிடும், கருவியில் தொற்று இருப்பது கண்டுபிடிபடாமல் போகும். செடில் குத்தும் நேர்த்தி இருந்தால் அதைப் பாற்செம்பாக மாற்றிக்கொள்ளுங்கள், முருகன் ஏற்றுக்கொள்வான். தோடு குத்துவதையும் அந்த 6 மாதம் தள்ளிவையுங்கள்.

கவரிங் தோடோ மணிக்கூட்டுப் பட்டியோ பட்டால் தோல் கடித்துச் சிவக்கும் பிள்ளை என்றால், நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். குடை வைக்கமுன் அதைச் சொல்லவேணும். எம்.ஆர்.ஐ எடுக்கலாம், காட்டைக் காட்டினால் போதும். பேஸ்மேக்கர் இருந்தால் மட்டும் விசயம் வேறு.

அந்தக் காட்டைத்தான் பலரிடம் காணோம். டயக்னோசிஸ் காட்டில் எது வைத்தார்கள், எத்தனை மில்லிமீற்றர், எந்தத் திகதி, ஒழுக்கு மிச்சமா என்ற நாலும் இருக்கிறதா பாருங்கள். கருவிப் பெட்டியில் வந்த ஸ்ரிக்கரையும் கேட்டு கிளினிக் கொப்பியில் ஒட்டுங்கள். எல்லாவற்றையும் போனில் படமெடுத்துத் தாயும் தகப்பனும் வைத்திருங்கள். பிள்ளை கனடாவுக்கோ பிரான்சுக்கோ போனால் அந்தக் கொப்பி சூட்கேசுக்குள் இல்லை, கைப்பைக்குள் போகவேணும்.