வீட்டு ஸ்பீக்கருக்கு எந்த வயர் வாங்குவது?

போன மாதம் மதுரை திருநகரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற வாத்தியார். மகன் வாங்கிக் கொடுத்த 5.1 ரிசீவர் (சுற்றிலும் வைத்த ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப்), முன்னால் ஆளுயரத்துக்குப் பாதி நிற்கும் ஸ்பீக்கர் இரண்டு, பின்சுவரில் சின்னதாக இரண்டு. எல்லாமே நல்ல சாமான். "தம்பி, பின்னாடி ஸ்பீக்கர்ல சத்தம் வருது, ஆனா உயிரே இல்லை" என்றார். அதற்குள் இரண்டு பேர் வந்து ரிசீவரைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

நான் பின் ஸ்பீக்கரிலிருந்து வயரை அவிழ்த்து, அதன் இரண்டு முனைகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, ரிசீவர் பக்கம் வந்து மல்டிமீட்டர் வைத்தேன். 1.6 ஓம். (ஓம் என்பது ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டைத் தடுக்கும் தன்மையின் அளவு.) அந்த ஸ்பீக்கர் 6 ஓம். அப்படியென்றால் ஆம்ப் கொடுக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு சுவருக்குள் இருக்கும் வயரிலேயே சூடாகிப் போய்விடுகிறது. ரிசீவரில் ஒரு கோளாறும் இல்லை. வீடு கட்டும்போது எலக்ட்ரீஷியன் கையில் கிடைத்த மெல்லிசு வயரை இழுத்துவிட்டார், அவ்வளவுதான்.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வெச்சா சரியாயிடாதா?" என்று வாத்தியார் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஸ்பீக்கர் மேல் எழுதியிருக்கும் 6 ஓம், 8 ஓம் எல்லாம் ஒரு பேருக்குத்தான். உள்ளே அந்த எண் சுருதிக்குச் சுருதி மாறும். ஓரிடத்தில் 4.5 ஓமுக்கு இறங்கும், இன்னோரிடத்தில் 25 ஓமுக்கு ஏறும். வயரில் 1.6 ஓம் உட்கார்ந்திருந்தால், இறங்கிய இடத்தில் இழப்பு அதிகம், ஏறிய இடத்தில் குறைவு. கணக்குப் போட்டால் இரண்டுக்கும் நடுவில் 2 டெசிபல் வித்தியாசம் வரும். அது காதுக்குத் தெரியும். பாடுகிறவர் குரலின் ஒரு பகுதி அமுங்கி, இன்னொரு பகுதி தூக்கிக்கொண்டு நிற்கும். இதை வால்யூம் குமிழால் சரிசெய்ய முடியாது. பேஸ் அடித்ததும் கோனை (ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பை) சட்டென்று பிடித்து நிறுத்தும் ஆம்பின் பிடியும் இதே காரணத்தால் தளர்ந்துவிடும்.

ஸ்பீக்கர் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் நான் மைக் செட் கடையில் வேலை பார்த்தவன். அதனால் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள்: "அண்ணே, கோயில் திருவிழாவுக்கு அரை கிலோமீட்டர் தூரம் மெல்லிசு வயர்லதானே குழாய் ஸ்பீக்கர் பாடுது? வீட்டுல பத்து மீட்டருக்கு எதுக்கு இம்புட்டு தடிமன்?" மேலூர் பக்கம், உசிலம்பட்டி பக்கம் தெருவெல்லாம் குழாய் கட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். விஷயம் என்னவென்றால், அந்த ஆம்ப்ளிஃபையரில் 100 வோல்ட் லைன் என்று ஒரு டெர்மினல் இருக்கும். அந்த வோல்ட்டை இறக்கிக் கொடுக்க ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கும். 100 வாட்டை 100 வோல்ட்டில் அனுப்பினால் வயரில் ஓடுவது 1 ஆம்பியர்தான். அதே 100 வாட்டை வீட்டு ஆம்பிலிருந்து 8 ஓம் ஸ்பீக்கருக்கு அனுப்பினால் 3.5 ஆம்பியர் ஓடும். வயரில் வீணாவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே வயரில் இழப்பு பன்னிரண்டு மடங்குக்கு மேல் போகிறது. மின்வாரியம் ஊருக்கு வெளியே உயர் அழுத்தத்தில் கரண்டைக் கொண்டுவருவதும் இதே காரணத்துக்காகத்தான். ஆகவே மைக் செட் வயரை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அந்த வேலை வேறு, இந்த வேலை வேறு.

சரி, எவ்வளவு தடிமன் வேண்டும்? போக வர இரண்டு இழையும் சேர்ந்த மொத்த ரெசிஸ்டன்ஸ், ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தொழிலில் பலரும் வைத்திருக்கும் அளவு இது. நானும் இதைத்தான் வைத்திருக்கிறேன். 8 ஓமுக்கு 0.4, 4 ஓமுக்கு 0.2. நல்ல செம்பாக இருந்தால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் வரை 1 ஸ்கொயர் எம்எம் (உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு), 10 மீட்டருக்கு 1.5, 15 மீட்டருக்கு 2.5 போதும். 4 ஓம் என்றால் ஒரு அளவு மேலே போங்கள். ஹாலில் முன் ஸ்பீக்கருக்கு மூன்று மீட்டர்தான் ஓடுகிறது என்றால் இதைப் பற்றி ரொம்ப யோசிக்கவே வேண்டாம்.

கடையில் சில பேர் ஸ்கொயர் எம்எம் கணக்கில் சொல்ல மாட்டார்கள். "இருபத்துமூணு எழுபத்தாறு", "நாப்பது எழுபத்தாறு" என்பார்கள். முதல் எண், உள்ளே எத்தனை இழை என்பது. இரண்டாவது, ஓர் இழையின் தடிமன், அங்குலத்தில் 0.0076. கணக்குப் போட்டால் 23/76 என்பது ஏறக்குறைய 0.67 ஸ்கொயர் எம்எம், 40/76 என்பது 1.17, 70/76 என்பது 2 ஸ்கொயர் எம்எம். பின் ஸ்பீக்கருக்கு 23/76 கொடுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

இப்போது நான் ரொம்பக் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். சந்தையில் கண்ணாடி மாதிரி பளபளவென்ற உறையில், உள்ளே செம்பு நிறம் மின்ன, சுண்டுவிரல் தடிமனில் ஸ்பீக்கர் வயர் கிடைக்கிறது. விலையும் சகாயம். அதில் பலவும், அலுமினியத்தின் மேல் செம்பை மெல்லிசாகப் பூசிய வயர். உறையில் சின்னதாக சிசிஏ என்று ஆங்கில எழுத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். செம்பைவிட இதன் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 2.5 என்று நினைத்து வாங்கினால் கிடைப்பது 1.6 செம்பின் பலன். அது தெரிந்து வாங்கினால் பரவாயில்லை. ஆனால் அலுமினியம் டெர்மினல் திருகுக்குக் கீழே நாளாக நாளாக நசுங்கித் தளரும். திரும்பத் திரும்ப வளைத்தால் செம்பைவிடச் சீக்கிரம் இழை ஒடியும்.

இதைக் கண்டுபிடிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பழைய இரும்புக் கடைக்காரர். பல வருஷத்துக்கு முன்னால், ஒரு வீட்டில் கழற்றிய வயர் மூட்டையைச் செம்பு விலைக்குப் போடலாம் என்று வில்லாபுரத்தில் அவர் கடைக்குக் கொண்டுபோனேன். தூக்கிப் பார்த்ததுமே முகம் மாறியது. ஓர் இழையை உருவி, பிளேடின் முனையை வைத்து நகத்தின் மேல் லேசாக ஓர் இழுப்பு இழுத்தார். சுரண்டிய இடத்தில் வெள்ளியாக ஒரு கோடு. இன்னோர் இழையைத் தீக்குச்சியில் காட்டினார். முனை சுருண்டு உருகி ஒரு மணியாக நின்றது. "தம்பி, செம்பு இப்படி உருகாது" என்றார். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், செம்புக்கு 1085 வேண்டும். அந்த வயரை வாங்கிய வீட்டுக்காரர் செம்பு விலைதான் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து என் பையில் பிளேடு இல்லாமல் நான் வயர் வாங்கப் போவதில்லை. ஓர் எச்சரிக்கை: வெளியே வெள்ளியாக இருப்பதெல்லாம் அலுமினியம் இல்லை. வெள்ளீயம் பூசிய நல்ல செம்பும் உண்டு. அதைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். பார்க்க வேண்டியது சுரண்டிய இடத்தின் நிறத்தைத்தான்.

மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. 90 மீட்டர் சுருளாக வரும் 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், முனைக்கு முனை 0.7 ஓம் அளவில் காட்ட வேண்டும். மதுரை வெயிலில் சூடேறிக் கிடந்தால் கொஞ்சம் கூடும். 1 ஓமைத் தாண்டினால் அது செம்பு இல்லை, அல்லது 2.5 இல்லை. முதலில் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டுவதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

டவுன்ஹால் ரோட்டில் கேட்டாலும் சரி, உங்கள் தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டாலும் சரி, ஐஎஸ்ஐ முத்திரையும், வயருக்கான இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 694-உம் போட்ட சாதாரண வீட்டு வயரிங் வயர் கிடைக்கும். அதில் இரண்டு நிறம் வாங்கிச் சேர்த்து முறுக்கிக்கொண்டால் அருமையான ஸ்பீக்கர் வயர். என் வீட்டில் ஓடுவது இதுதான். நிறத்தை மட்டும் கவனியுங்கள். பின்னால் வரும் எலக்ட்ரீஷியன் கரண்ட் வயர் என்று நினைத்து 230 வோல்ட்டோடு சேர்த்துவிடக் கூடாது. இரண்டு முனையிலும் 'ஸ்பீக்கர்' என்று எழுதிச் சீட்டு ஒட்டுங்கள்.

ஒரு மீட்டர் நீளமே ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் வயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். சாதாரண வயர் செம்பே 99.9 சதவீதம் சுத்தம். இரண்டுக்கும் கடத்தும் திறனில் 1 சதவீத வித்தியாசம்கூட முழுசாக வராது. உறையில் அம்புக்குறி போட்டு இந்தத் திசையில்தான் மாட்ட வேண்டும் என்பார்கள். ஸ்பீக்கருக்குப் போகும் கரண்ட் ஒரு விநாடிக்குள் எத்தனையோ தடவை திசை மாறுகிறது. அதற்கு அம்பு ஏது? அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள். ஜன்னலுக்குக் கனமான திரை போட்டால்கூட உங்கள் அறையின் சத்தம் அதைவிட மேலாக மாறும்.

வயர் சரியாக இருந்தும் மாட்டுவதில் கெடுப்பவர்கள் உண்டு. நானே ஒருமுறை அவசரத்தில் ஓர் இழையை வெளியே நீட்ட விட்டு, அது பக்கத்து டெர்மினலைத் தொட்டு, வாடிக்கையாளரின் ஆம்பில் அவுட்புட் போய்விட்டது. என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். உறையைப் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் மட்டும் சீவுங்கள். இழைகளை இறுக முறுக்கி உள்ளே விட்டதும், டார்ச் அடித்துப் பாருங்கள். ஆம்ப் அணைந்திருக்கும்போதுதான் இதையெல்லாம் செய்ய வேண்டும்.

அப்புறம் பிளஸ், மைனஸ். ஒரு பக்கம் மாறிவிட்டால் சத்தம் வரும், ஆனால் பேஸ் காணாமல் போகும், பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கலைந்து கேட்பார். சுவருக்குள் போன வயரில் சந்தேகம் வந்தால், ஆம்பிலிருந்து அவிழ்த்துவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பேட்டரியின் பிளஸ் எந்த வயரைத் தொடும்போது பேஸ் ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளுகிறதோ, அதுவே பிளஸ்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. பூச்சு வேலைக்கு முன்னால் ஸ்பீக்கருக்குத் தனியாக ஒரு பைப் கேளுங்கள். கரண்ட் பைப்பிலேயே இழுக்க விடாதீர்கள். பைப்புக்குள் ஒரு கம்பி போட்டு வையுங்கள், நாளைக்கு மாற்ற வேண்டுமென்றால் அதில் கட்டி இழுத்துவிடலாம். திருநகர் வாத்தியார் வீட்டில் பைப் தாராளமாக இருந்ததால் பழைய வயரையே கம்பியாக வைத்துப் புது 2.5 வயரை ஒரு மணி நேரத்தில் இழுத்துவிட்டோம். மீட்டரில் 0.2 ஓம். அவர் பழைய பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, எனக்குக் காபி கொடுக்க மறந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.