தொலைந்த ரிமோட் இன்னும் உங்கள் கேட்டைத் திறக்கும்

கேட்டின் பூட்டு உடைக்கப்படவில்லை. சுவர் ஏறிக் குதித்த தடயமும் இல்லை. போர்டிகோவில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை மட்டும் காணவில்லை. ‘மோட்டார் ராத்திரியில் தானாகவே திறந்துவிட்டது போலிருக்கிறது, வந்து பாருங்கள்’ என்று சென்ற வாரம் ஒரு வீட்டிலிருந்து அழைத்தார்கள். போய்ப் பார்த்தேன். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. கண்ட்ரோல் போர்டில் 5 ரிமோட்டுகள் பதிவாகியிருந்தன. வீட்டில் இருந்தவை 3. ஒன்று கடைவீதியில் கைப்பையோடு தொலைந்தது. இன்னொன்றை, வேலையை விட்டுப் போன டிரைவரிடமிருந்து யாரும் திரும்ப வாங்கவில்லை. திறந்தது யார் என்று கண்டுபிடிப்பது போலீஸின் வேலை. திறக்க முடிந்தது ஏன் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

“தொலைந்த மறுநாளே புது ரிமோட் போட்டாயிற்றே, தம்பி. பழையது எப்படி வேலை செய்யும்?” என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். கோவையில் தானியங்கி கேட் பொருத்தும் தொழிலில் இருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட வருத்தம், புது ரிமோட்டைப் பதிந்து கொடுத்த எலக்ட்ரீஷியன்களில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

பொறுமையாகச் சொல்கிறேன். கேட் மோட்டாரின் ரிசீவர், கையில் பெயர்ப்பட்டியலோடு வாசலில் நிற்கும் வாட்ச்மேனைப் போன்றது. புது ரிமோட்டைப் பதிவது, பட்டியலின் அடியில் ஒரு பெயரைக் கூடுதலாக எழுதுவது மட்டுமே. மேலே இருக்கும் பெயர் எதுவும் அதனால் அடிபடாது. நீங்கள் அழிக்கும்வரை அது அங்கேயே இருக்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் போகாது, மெயின் ஸ்விட்சை இரவு முழுக்க அணைத்து வைத்தாலும் போகாது. ‘இத்தனை நாளில் அதன் பேட்டரி தீர்ந்திருக்கும்’ என்கிறார்கள். எடுத்தவர் புது பேட்டரி போட மாட்டாரா? ‘எந்த வீட்டு ரிமோட் என்று அவருக்கு எப்படித் தெரியும்?’ என்கிறார்கள். கைப்பையில் ஆதார் அட்டையும் இருந்ததே!

ஆகவே ஒரு ரிமோட் தொலைந்தால் முதல் வேலை புதியது வாங்குவது அல்ல, பழையதை அழிப்பது. திரை வைத்த பெரிய போர்டுகளில், எந்த ரிமோட் எந்த எண்ணில் பதிவானது என்று தெரிந்தால் அதை மட்டும் நீக்கலாம். சிறிய போர்டுகள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிட்டு, கையில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் பதிய வேண்டும்.

இங்கேதான் சாவிக்கடையில் நகல் எடுத்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மாறாத குறியீட்டு ரிமோட் அழுத்தும்போதெல்லாம் ஒரே எண்ணைத்தான் அனுப்பும். அதனால்தான் சாவிக்கடையில் இரண்டு நிமிடத்தில் நகல் எடுக்க முடிகிறது. அசலும் நகலும் ரிசீவருக்கு ஒன்றுதான். நகல் தொலைந்துவிட்டது என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வீட்டில் இருக்கும் அசலைத் திரும்பப் பதிந்தால் என்ன ஆகும்? தொலைந்ததும் அதே நொடியில் உயிர்பெற்றுவிடும்! அந்தக் குறியீட்டில் உள்ள எல்லா ரிமோட்டையும் ஒதுக்கிவிட்டு, வேறு குறியீட்டில் புதிதாக வாங்குவது ஒன்றே வழி. உள்ளே குட்டி ஸ்விட்சுகள் வரிசையாக இருக்கும் பழைய வகையென்றால் அவற்றின் வரிசையை ரிசீவரிலும் எல்லா ரிமோட்டுகளிலும் சேர்த்து மாற்ற வேண்டும். 8 ஸ்விட்ச் என்றால் மொத்தமே 256 குறியீடுகள்தான். அதையும் தொழிற்சாலையில் வைத்த நிலையிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

‘எங்கள் ரிமோட்டில் 10 லட்சம் குறியீடுகள்’ என்று விற்பனையாளர் சொன்னால் மயங்காதீர்கள். 1527 என்ற எண்ணுள்ள மலிவான சில்லில் 10,48,576 குறியீடுகள் இருப்பது உண்மைதான். ஆனால் உங்களுக்கு வாய்த்த ஒன்று மாறுவதே இல்லை; அது அனுப்பும் அலையை ஒருமுறை பிடித்து வைத்தவர் அதையே திரும்ப ஒலிபரப்பிவிடலாம். 2015-இல் அமெரிக்காவின் பாதுகாப்பு ஆய்வாளர் சாமி காம்கர், உற்பத்தி நின்றுபோன ஒரு குழந்தைகள் பொம்மையைக் கொஞ்சம் மாற்றியமைத்து, மாறாத குறியீட்டுக் கார் ஷெட் கதவுகளை 10 நொடிக்குள் திறந்து காட்டினார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறும் ‘ரோலிங் கோட்’ ரிமோட்டையே கேட்டு வாங்குங்கள். அதிலும் ஓட்டை கண்டுபிடித்த ஆய்வாளர்கள் உண்டு. ஆனாலும் சாவிக்கடை நகலெடுப்பு அதனிடம் செல்லாது. விலை வித்தியாசத்துக்காக என்னிடம் வாதாடுகிறவர்களின் கேட்டுக்குப் பின்னால் பல லட்ச ரூபாய்க் கார் நிற்கிறது.

பதிவது சிரமமான வேலை இல்லை. போர்டில் ‘லேர்ன்’ என்ற பொத்தானைத் தொட்டு விடுங்கள், விளக்கு எரியும், ரிமோட்டில் நீங்கள் விரும்பும் பொத்தானை அழுத்துங்கள், விளக்கு மினுக்கி அணைந்தால் முடிந்தது. லேர்ன் பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டால் எல்லாப் பதிவும் அழியும். சில போர்டுகளில் 8 நொடி, சிலவற்றில் 10. கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். உள்ளே 230 வோல்ட் ஓடுகிறது. ஈரக் கையோடும் மழையிலும் மூடியைத் திறக்காதீர்கள். பதிந்த பின் முதல் அழுத்தலில் கேட் நகரும், ஆகவே பாதையில் யாரும் நிற்கக் கூடாது.

ரிமோட் சரியாக வேலை செய்யாதபோது உடனே லேர்ன் பொத்தானை நோண்டாதீர்கள். பேட்டரியை முதலில் மாற்றுங்கள். 23ஏ, 27ஏ இரண்டும் 12 வோல்ட்தான், 27ஏ ஒல்லி; பழையதில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பேட்டரி தீர்ந்ததால் பதிவு அழிந்துவிடாது. ரோலிங் கோட் ரிமோட்டை ஊரில் பேரன் விளையாட்டாக அழுத்திக்கொண்டே இருந்தால், எண் வரிசையில் ரிமோட் முன்னால் ஓடிவிடும். ரோலிங் கோட்டில் பரவலாகப் புழங்கும் ‘கீலாக்’ என்ற வகையில், பொதுவாக 16 எண்கள் வரை ரிசீவர் பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் முதல் அழுத்தல் பலிக்காது, அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் மீண்டும் சேர்ந்துகொள்ளும். இதற்காக என்னை நள்ளிரவில் அழைக்க வேண்டாம்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். ரிமோட் வந்ததும் ஒரு கனத்த இரும்புக் கேட்டை, அதன் அருகில் நிற்காமலேயே நகர்த்துகிறோம். அமெரிக்காவில் 1993 ஜனவரி 1 முதல் தயாரான வீட்டுக் கார் ஷெட் மோட்டார்கள், குறுக்கே ஆள் இருந்தால் திரும்பிச் செல்லும் பாதுகாப்போடுதான் வர வேண்டும் என்பது சட்டம். இங்கே, குறுக்கே வருவதைப் பார்க்கும் ஃபோட்டோசெல் விலைப்பட்டியலில் தனி வரியாக இருக்கிறது. முதலில் அடிக்கப்படுவதும் அந்த வரிதான். பொருத்தியவர்களும், தூசி படிந்து கேட் மூடாமல் நின்றால், துடைப்பதற்குப் பதில் இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, ஃபோட்டோசெல்லையே வேலை செய்யாமல் ஆக்கிவிடுகிறார்கள். ஃபோட்டோசெல் இல்லாமல் தானாக மூடும் அமைப்பைப் போடச் சொன்னால் நான் மறுத்துவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து மகன் செல்போனில் கேட் மூடும் வீடுகளில் இது இல்லாமல் இருக்கவே கூடாது. இன்றே கேட் மூடும்போது ஒரு அட்டைப்பெட்டியைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். நின்று திரும்பவில்லையென்றால், சரிசெய்யும்வரை கேட்டை மோட்டாரிலிருந்து விடுவித்துக் கையால் தள்ளுங்கள். விடுவிக்கும் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். மின்வெட்டில் வயதானவர்கள் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது.

கட்டிய வீட்டை வாங்குகிறவர்களும் வாடகைக்குப் போகிறவர்களும் சாவிகளை எண்ணி வாங்குகிறீர்கள், உள்கதவின் பூட்டைக்கூட மாற்றுகிறீர்கள். ரிமோட்டை மட்டும் கொடுத்தபடியே வாங்கி மாட்டிக்கொள்கிறீர்கள். முன்பு இருந்தவர்கள் யாருக்கெல்லாம் கொடுத்தார்கள் என்று அவர்களுக்கே நினைவிருக்காது. பால் காய்ச்சுவதற்கு முன் ஒரு ஆளை வரவழைத்து மொத்தப் பதிவையும் அழித்துவிட்டு, ரோலிங் கோட் ரிமோட் என்றால் உங்கள் கைக்கு வந்தவற்றை மட்டும் பதியச் சொல்லுங்கள். மாறாத குறியீடு என்றால் புதிதாகவே வாங்குங்கள். எந்த எண்ணில் யாருடைய ரிமோட் என்று எழுதி வாங்கி, மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டாமல், பீரோவில் வையுங்கள்.