குற்றவியல் பேராசிரியர் பணியிடம்: விண்ணப்பம் எங்கெல்லாம் தட்டிப்போகிறது

போன மாதம் திருநெல்வேலிப் பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு ஜூனியராகப் படித்த தங்கச்சி ஒருத்தியைப் பார்த்தேன். குற்றவியலில் எம்.ஏ., நெட் (தேசியத் தகுதித் தேர்வு), பிஎச்.டி. எல்லாம் முடித்தவள். கௌரவ விரிவுரையாளராக எட்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறாள். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் இணைப் பேராசிரியர் பணியிடம் அறிவித்ததும் பணம் கட்டி விண்ணப்பித்தாள். பதில் ஒரே வரியில் வந்தது: போதிய அனுபவம் இல்லை.

"எட்டு வருசம் எட்டு வருசந்தானக்கா? நான் நடத்துனது பாடம் இல்லையா?" என்று கேட்டாள்.

அங்கேயே நின்று செல்போனில் விதியைத் திறந்து காட்டினேன். எட்டு வருடத்தில் ஒருவர்கூட அவளுக்கு அதைச் சொல்லவில்லை. அவளை மாதிரி இன்னும் பத்துப் பேர் ஏமாறக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அடிப்படை கொஞ்சம்தான். பல்கலைக்கழக ஆசிரியர் பணிக்கான தகுதியை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் வெளியிட்ட விதிமுறைகள் சொல்கின்றன. உதவிப் பேராசிரியருக்கு முதுகலையில் 55 சதவீதம், அதோடு நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு). யுஜிசி விதிப்படி வாங்கிய பிஎச்.டி. இருந்தால் நெட் விலக்கு உண்டு. தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். இணைப் பேராசிரியருக்கு பிஎச்.டி., 8 வருட அனுபவம், 7 ஆய்வுக் கட்டுரைகள், கட்டுரை போன்ற ஆய்வுப் பணிகளுக்குத் தரும் ஆய்வு மதிப்பெண் 75. பேராசிரியருக்கு 10 வருடம், 10 கட்டுரைகள், 120 மதிப்பெண். அவ்வளவுதான் அடிப்படை. ஆட்கள் விழுவதெல்லாம் இதற்கு அப்புறம்.

நம் பாடத்துக்குத் துறைகளே குறைவு. திருநெல்வேலிச் சீமைக்கு அபிஷேகப்பட்டியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் துறை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அப்புறம் கர்நாடகத்தில் தார்வாட், மத்தியப் பிரதேசத்தில் சாகர், குஜராத்தில் காந்திநகர் என்று தூரம் போக வேண்டும். ஒரு இடத்தில் ஒரு பணியிடம், மிஞ்சினால் இரண்டு. அதனால் அறிவிக்கையைப் பார்த்ததும் முதலில் அந்த ஒரு இடம் யாருக்கு என்று பாருங்கள். இடஒதுக்கீட்டுச் சுழற்சிமுறையில் அது "எம்பிசி பெண்" என்று வந்திருந்தால் மற்றவர்களுக்கு அங்கே வேலை கிடையாது. இதைக் கவனிக்காமல் பணம் கட்டிவிட்டு, நேர்காணலுக்கு ஏன் கூப்பிடவில்லை என்று காத்திருப்பவர்களை வருடம்தோறும் பார்க்கிறேன். கட்டிய பணம் திரும்பி வராது.

அடுத்தது பட்டத்தின் பெயர். அறிவிக்கையில் "சம்பந்தப்பட்ட, தொடர்புடைய அல்லது சார்ந்த பாடம்" என்று இருக்கும். இந்த மூன்று சொல்லும் இடத்துக்கு இடம் வேறு பொருள் தரும். சமூகப்பணி, சமூகவியல், உளவியல், சட்டம், தடய அறிவியல் படித்தவர்களைச் சார்ந்த பாடம் என்று ஒரு பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளும், இன்னொன்று பரிசீலனையிலேயே தள்ளிவிடும். குற்றவியல் படித்தவர்களுக்கும் சிக்கல் உண்டு. ஓர் ஊரில் "குற்றவியலும் குற்ற நீதியியலும்", இன்னோர் ஊரில் "குற்றவியலும் காவல் நிர்வாகமும்" என்று பட்டத்தின் பெயரே மாறும். பெயரில் ஒரு சொல் வித்தியாசப்பட்டாலே, இரண்டும் சமம் என்று காட்டும் இணைச்சான்று எங்கே என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் பட்டம் ஒன்றுக்கொன்று இணையா என்பதைப் பார்ப்பது உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு. அதன்மேல்தான் அரசாணை வரும். அறிவிக்கை வந்த பிறகு அந்த அரசாணையைத் தேடக் கிளம்பினால் கடைசி தேதி போய்விடும். படிப்பு முடித்த கையோடு, உங்கள் பட்டத்துக்கு அரசாணை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அச்செடுத்து ஃபைலில் வையுங்கள். இல்லையென்றால் பல்கலைக்கழகத்தில் அப்போதே எழுதிக் கொடுங்கள். குற்றவியலில் முதுநிலை டிப்ளமோ வைத்திருப்பவர்கள் அதை முதுகலைக்கு ஈடாக நினைத்து விண்ணப்பிக்க வேண்டாம். அது செல்லாது.

நெட்டிலும் பாட எண்ணைப் பாருங்கள். குற்றவியல் 68, தடய அறிவியல் 82. குற்றவியல் துறைப் பணியிடத்துக்கு 82-இல் தேறிய சான்றிதழோடு போனால் அதைச் சார்ந்த பாடம் என்று ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் கையில். இரண்டு பக்கமும் கால் வைக்கத் தகுதி இருப்பவர்கள் எந்தத் துறையில் பாடம் நடத்தப்போகிறோம் என்று முடிவெடுத்துவிட்டு எழுதுங்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழில் வராது.

2024 ஜூன் முதல் நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) உடன் உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி. சேர்க்கை, பிஎச்.டி. சேர்க்கை மட்டும். மூன்றாவது வகையில் வந்தவர்களுக்கு வேலைக்கான தகுதி கிடையாது. "நெட் பாஸ்" என்று வீட்டில் சொல்லி, கேக் வெட்டி, அப்புறம் விண்ணப்பத்தில் குறிப்பிட்டுத் தள்ளுபடி ஆனவர்கள் இருக்கிறார்கள். சான்றிதழில் "உதவிப் பேராசிரியர்" என்ற சொல் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். முதுகலை கடைசி வருடத்தில் எழுதித் தேறியவர்கள், முடிவு வந்த தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் முதுகலையைத் தேவையான மதிப்பெண்ணோடு முடித்தாக வேண்டும். ஒரு அரியர் தங்கினாலும் நெட் போய்விடும். செட் தேறியவர்கள், அது தேறிய மாநிலத்துக்குள் மட்டும்தான் செல்லும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு செட்டை வைத்துக்கொண்டு தார்வாட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது.

எஸ்சி, எஸ்டி, ஓபிசி (கிரீமி லேயர் அல்லாதவர்), மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. மற்றவர்களுக்கு 55 சதவீதம் என்றால் 55. 54.9-ஐ 55 ஆக்க மாட்டார்கள். கருணை மதிப்பெண்ணும் சேராது. கிரேடு முறையில் படித்தவர்கள் சதவீதமாக மாற்றும் கணக்கைத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் கையெழுத்தோடு வாங்கி வைக்க வேண்டும். நீங்களே கால்குலேட்டரில் போட்ட கணக்கை ஒருவரும் ஏற்க மாட்டார்கள்.

இப்போது அந்தத் தங்கச்சியின் எட்டு வருடத்துக்கு வருகிறேன். 2018 விதிமுறையில் பத்தாவது பிரிவு இருக்கிறது. தற்காலிகமாக, ஒப்பந்தத்தில், கௌரவமாக வேலை பார்த்த காலத்தைக் கணக்கில் எடுக்க அது நிபந்தனைகள் போடுகிறது. சேரும்போதே உங்களுக்கு முழுத் தகுதி இருந்திருக்க வேண்டும். முறையான தேர்வுக் குழு உங்களை எடுத்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் கழுத்தை அறுப்பது: நீங்கள் வாங்கிய மொத்தச் சம்பளம், நிரந்தர உதவிப் பேராசிரியர் வாங்கும் மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். கௌரவ விரிவுரையாளர் யாருக்கு அப்படிக் கொடுத்தார்கள்? அதே வகுப்பு, அதே பாடத்திட்டம், அதே விடைத்தாள். குறைந்த சம்பளம் கொடுத்தது நிர்வாகம், அதற்குத் தண்டனை அவளுக்கு. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் விதி மாறும்வரை, கௌரவ வருடங்களை மட்டும் நம்பி இணைப் பேராசிரியர் பணியிடத்துக்குப் பணம் கட்டாதீர்கள். உதவிப் பேராசிரியர் பணியிடத்தைக் குறிவையுங்கள். அதற்கு அனுபவம் கட்டாயமில்லை.

பிஎச்.டி. செய்த வருடங்களையும் அனுபவமாக எழுதிவிடுகிறார்கள். முழுநேர ஆய்வு மாணவராக இருந்த காலம் அனுபவத்தில் சேராது. வேலையில் இருந்துகொண்டே, ஆய்வுக்கென்று விடுப்பு எடுக்காமல் செய்திருந்தால் மட்டும் சேரும்.

அனுபவச் சான்று வாங்குவது தனிக் கதை. பல அறிவிக்கைகளில், கல்லூரி கொடுத்த சான்றில் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் மேலொப்பம் கேட்கிறார்கள். கல்லூரிக்குப் போனால் முதல்வர் மாறிவிட்டார் என்பார்கள். பழைய வருகைப்பதிவேடு கிடைக்கவில்லை என்பார்கள். அலுவலகத்துக்குப் போனால் நியமன ஆணையின் அசல் எங்கே என்பார்கள். அதையும் கொண்டுபோனால், "மேடம் மீட்டிங்ல இருக்காங்க, திங்கக்கெழம வாங்க" என்பார்கள். ஒரு கையெழுத்துக்காக ஆலங்குளத்திலிருந்து ஐந்து தடவை பஸ் ஏறி வந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஆறாவது தடவை கையெழுத்துக் கிடைத்தது, அன்றைக்கு விண்ணப்பத் தேதி முடிந்து இரண்டு நாள். அதனால் ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும், அந்த வருடத்து முதல்வர் இருக்கும்போதே அந்த வருடத்துக்குச் சான்று வாங்கிவிடுங்கள். நியமன ஆணை, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்குப் பக்கம் இரண்டையும் சேர்த்து வையுங்கள். கையில் ரொக்கமாகச் சம்பளம் தரும் கல்லூரி என்றால், வங்கியில் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியருக்கு பிஎச்.டி. கட்டாயமில்லை என்று யுஜிசி அறிவித்ததும் நெட் தேறிய பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் நேர்காணலுக்கு ஆட்களைச் சுருக்கும் மதிப்பெண் அட்டவணையை யாரும் அவர்களிடம் காட்டவில்லை. அதில் பிஎச்.டி.க்கு 30. நெட்டுக்கு 5, ஜேஆர்எஃப் என்றால் 7, செட்டுக்கு 3. இளங்கலை, முதுகலை இரண்டிலும் 60-க்கு மேல் 80-க்குள் வாங்கியிருந்தால் 13-ம் 23-ம். கூட்டிப் பாருங்கள்: நெட் மட்டும் வைத்திருப்பவருக்கு 41. அதே மதிப்பெண்ணும் பிஎச்.டி.யும் இருந்தால், நெட் இல்லாமலே 66. ஒரு பணியிடத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிடுவார்கள்? 41 உள்ளே வருவது கஷ்டம். கட்டுரைக்கு 2 வீதம் 10 வரை, அனுபவத்துக்கு வருடத்துக்கு 2 வீதம் 10 வரை கிடைக்கும். பிஎச்.டி. முடிக்காதவர்கள் அங்கேதான் சேர்க்கப் பார்க்க வேண்டும். இன்னொன்று, இந்த மதிப்பெண் எல்லாம் உள்ளே கூப்பிடுவதற்கு மட்டும். கூப்பிட்ட பிறகு தேர்வு முழுக்க முழுக்க நேர்காணலை வைத்துத்தான். "நான்தானே பட்டியலில் முதல் ஆள்" என்பதற்கு அதன்பின் மதிப்பில்லை.

கட்டுரை என்றதும் காசு கேட்கும் ஆய்விதழ்கள் வாட்ஸ்அப்பில் வரிசை கட்டும். "யுஜிசி அங்கீகாரம்" என்று போட்டிருப்பார்கள். யுஜிசி 2018-இல் ஒரே வீச்சில் 4,305 இதழ்களைப் பழைய பட்டியலிலிருந்து நீக்கியது. பிறகு தரமான இதழ்களுக்கென்று கொண்டுவந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. ஆகவே இன்றைக்கு அந்த முத்திரையைக் காட்டிக் காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். பழைய கட்டுரை வைத்திருப்பவர்கள், அது வெளியான வருடத்தில் இதழ் பட்டியலில் இருந்ததற்கான பக்கத்தை அச்செடுத்துக் கட்டுரையோடு சேர்த்துக் கட்டுங்கள்.

சாதிச் சான்றுக்கு வருவோம். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு நம் தாசில்தார் கொடுத்த பிசி, எம்பிசி சான்று போதும். கல்யாணமான பெண்கள் அப்பா பெயரில் உள்ள சான்றைத்தான் வைக்க வேண்டும், கணவர் பெயரில் வாங்கியது தள்ளுபடி ஆகும். மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் நெட்டுக்கும் அந்தச் சான்று உதவாது. மத்திய அரசு படிவத்தில் ஓபிசி சான்று தனியாக வேண்டும், பெரும்பாலும் நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக. உங்கள் சாதி மாநிலப் பட்டியலில் இருந்து, மத்தியப் பட்டியலில் இல்லாமலும் போகலாம். முதலில் அதைப் பாருங்கள்.

அந்தச் சான்றுக்கு அலைய விடுவார்கள். ஒரு பெண்ணின் அப்பா ரயில்வேயில் டிராக்மேன், ஊரில் கொஞ்சம் நஞ்சை. சம்பளத்தையும் நெல் வருமானத்தையும் கூட்டி, எட்டு லட்சம் தாண்டிவிட்டது, கிரீமி லேயர் (இடஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவு) என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். அது தவறு. எட்டு லட்ச வரம்பைப் பார்க்கும்போது பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் கணக்கில் சேரக்கூடாது என்று 1993 செப்டம்பர் 8 தேதியிட்ட மத்திய அரசுக் குறிப்பாணை தெளிவாகச் சொல்கிறது. அதை அச்செடுத்து, அந்த வரியில் கோடு போட்டு மனுவோடு வைத்தோம். அடுத்த வாரம் சான்று வந்தது. வாய்ப்பேச்சாக ஆறு தடவை சொல்லியும் நடக்காதது அந்த ஒரு தாளில் நடந்தது.

சின்ன விஷயம் போலத் தெரிந்து பெரிய விஷயமாவது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றில் எழுத்து முன்னால், நெட்டில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். தபாலிலும் கவனம்: கடைசி தேதி என்பது நீங்கள் அனுப்பும் தேதி இல்லை, அவர்களுக்குப் போய்ச் சேரும் தேதி. ஆன்லைனில் பதிந்தாலே போதும் என்று அச்சுப் பிரதியை அனுப்பாமல் விட்டவர்களும் உண்டு. பத்து நாள் முன்னாடியே ஸ்பீடு போஸ்ட் போட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வேறு அரசு வேலையில் இருப்பவர்கள் தடையின்மைச் சான்றுக்கு அறிவிக்கை வந்த அன்றே எழுதிக் கொடுங்கள். "உள்ளே ஆள் இருக்கு, இவ்வளவு லட்சம்" என்று யாராவது பேசினால் அதோடு பேச்சை நிறுத்துங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது கிடையாது, கேட்கவும் இடமிருக்காது.

விண்ணப்பம் தள்ளுபடியானால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை போதும். "ஏன் எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலாகத்தான் பதில் வரும். பரிசீலனைத் தாளில் எனக்குப் போட்ட மதிப்பெண், எந்தப் பிரிவின்கீழ் தகுதியில்லை என்று குறித்தார்கள், நேர்காணலுக்கு அழைக்கப்பட்ட கடைசி நபரின் மொத்த மதிப்பெண் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதில் கையில் இருந்தால்தான் மதுரைக் கிளை உயர்நீதிமன்றத்துக்குப் போவதா வேண்டாமா என்று வக்கீலிடமே பேச முடியும். அந்தத் தங்கச்சிக்கு இந்த மூன்று கேள்வியையும் ஜெராக்ஸ் கடை மேசையிலேயே எழுதிக் கொடுத்தேன். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்திருக்கிறாள்.